குழாயின் திருகு யார் கையில்? போர், அரசியல், எரிசக்தி குறித்த கேள்வி பதில்

போரையும் எரிசக்தியையும் சோசலிச நோக்கில் எப்படிப் பார்ப்பது என்று பலரும் கேட்டிருந்தவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே பொருளில் வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: தோழர், எல்லாப் போர்களும் எண்ணெய்க்காகத்தான் என்று இடதுசாரிகள் சொல்கிறீர்கள். அப்படியானால் ஆப்கானிஸ்தானில் அமெரிக்கா 20 ஆண்டுகள் இருந்தது எதற்காக?

பதில்: அது மேடையில் கைதட்டல் வாங்கும் வாசகம், ஆய்வுக்கு உதவாது. எண்ணெய் வேண்டுமென்றால் படையை அனுப்புவதைவிடக் காசு கொடுத்து வாங்குவதே மலிவு. ஆனால் வாங்குவது வேறு. யாருக்கு விற்கலாம், என்ன விலைக்கு விற்கலாம், விற்ற பணம் எங்கே போய்ச் சேரவேண்டும் என்று தீர்மானிப்பது வேறு. ஏகாதிபத்தியங்கள் மோதிக்கொள்வது பெரும்பாலும் இந்த இரண்டாவதற்காகவே.

ஈரானை எடுத்துக்கொள்ளுங்கள். 1951இல் பிரதமர் மொசாதேக் பிரிட்டிஷாரிடமிருந்த எண்ணெய்த் தொழிலைத் தேசியமயமாக்கினார். உடனே அந்த எண்ணெயை யாரும் வாங்கவிடாமல் பிரிட்டன் தடுத்தது. அபாதானிலிருந்த மாபெரும் சுத்திகரிப்பு ஆலை முடங்கியது. உலகில் எண்ணெய்ப் பஞ்சம் வந்ததா என்றால், வரவில்லை. குவைத்தும் சவுதி அரேபியாவும் உற்பத்தியைக் கூட்டி இடைவெளியை நிரப்பிவிட்டன. ஆக, ஈரானிய எண்ணெய் இல்லாமலும் காலந்தள்ள முடிந்தது. ஒரு நாடு தன் வளத்தைத் தானே ஆளும் என்ற முன்மாதிரியைத்தான் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. 1953 ஆகஸ்டில் அமெரிக்க, பிரிட்டிஷ் உளவுத்துறைகளின் ஏற்பாட்டில் மொசாதேக் கவிழ்க்கப்பட்டார். மறு ஆண்டு அமைந்த கூட்டமைப்பில் பழைய பிரிட்டிஷ் நிறுவனத்துக்கு 40 விழுக்காடும் அமெரிக்க நிறுவனங்களுக்கு 40 விழுக்காடும் கிடைத்தன. முன்பு அமெரிக்க நிறுவனங்களுக்கு அங்கே பங்கே இல்லை.

ஆப்கானிஸ்தானை இந்தக் கணக்குக்குள் திணிக்க வேண்டியதில்லை. வல்லரசின் மானப் பிரச்சினை, அந்தப் பகுதியில் கால் ஊன்றும் ஆசை, போர் நீள நீளப் பெருகும் ஒப்பந்தங்கள் ஆகியவையே அதை விளக்கப் போதும்.

கேள்வி: ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்ததும் ஐரோப்பாவில் எரிவாயு விலை ஏறியது புரிகிறது. காற்றாலை மின்சாரத்துக்கும் சேர்த்து ஏன் விலை ஏறியது? காற்றுக்கும் தடை விதித்தார்களா?

பதில்: கிண்டலாகக் கேட்டாலும் இதுதான் மையமான கேள்வி, எனவே சற்று விரிவாகச் சொல்கிறேன். ஐரோப்பாவின் மொத்த விற்பனை மின்சந்தையில் நாளைச் சிறு நேரப் பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஏலம் நடக்கிறது. மலிவாகத் தருவோரிடம் தொடங்கி, தேவை நிறையும் வரை ஒவ்வொருவராகச் சேர்த்துக்கொண்டே போவார்கள். கடைசியாகச் சேரும் ஆலை கேட்கும் விலையே முன்னால் சேர்ந்த அனைவருக்கும் வழங்கப்படும். கற்பனையாக ஒரு கணக்கு: 100 அலகு தேவை, காற்றாலைகள் 60 அலகை அலகுக்கு 20 யூரோவுக்கும் அணு உலைகள் 30 அலகை அலகுக்கு 40 யூரோவுக்கும் தருகின்றன, மீதிப் பத்து அலகுக்கு எரிவாயு ஆலை அலகுக்கு 300 யூரோ கேட்கிறது என்றால், நூறு அலகில் ஒவ்வொன்றுக்கும் விலை 300 யூரோதான். பத்தில் ஒரு பங்கைத் தருபவர் முழுச் சந்தையின் விலையையும் எழுதிவிடுகிறார்.

போருக்கு முன்பே, 2021 இலையுதிர் காலத்திலேயே எரிவாயு விலை ஏறத் தொடங்கியிருந்தது. எல்லாவற்றையும் போரின் தலையில் கட்டுவது நேர்மையன்று. ஆனால் 2022 ஆகஸ்டில் அது மெகாவாட் மணிக்கு 300 யூரோவைத் தாண்டியபோது வீடுகள் விளக்கை அணைத்துக் கணக்குப் பார்த்தன. அந்த ஆண்டில் எண்ணெய் நிறுவனங்களான எக்ஸான்மொபில் ஏறத்தாழ 56 பில்லியன் டாலரும் ஷெல் ஏறத்தாழ 40 பில்லியன் டாலரும் லாபம் ஈட்டின. இரண்டுக்கும் அதுவரை கண்டிராத லாபம் அது. இந்த நிறுவனங்கள்தாம் போரை மூட்டின என்று நான் சொல்லவில்லை. தட்டுப்பாடு வந்தால் யாருடைய பணம் யாருடைய பைக்குப் போகவேண்டும் என்பது போருக்கு முன்பே விதிகளில் எழுதப்பட்டிருந்தது என்கிறேன்.

கேள்வி: ரஷ்யாவைக் கண்டிக்கச் சொன்னால் நேட்டோவைப் பற்றிப் பேசுகிறீர்கள். இதற்குப் பெயர் சோசலிசமா?

பதில்: அப்படி நழுவுகிறவர்கள் எங்கள் தரப்பில் இருக்கிறார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். 2022 பிப்ரவரியில் நடந்தது ஆக்கிரமிப்பு. படையெடுப்புக்கு மூன்று நாள் முன்பு ஆற்றிய உரையில், உக்ரைன் என்ற நாட்டை லெனின் உருவாக்கியதே பிழை என்கிற பொருளில் புதின் பேசினார். தேசங்களின் சுயநிர்ணய உரிமையை அவர் எந்த அளவுக்கு வெறுக்கிறார் என்பதற்கு இதற்குமேல் சான்று வேண்டியதில்லை. போரை எதிர்த்த ரஷ்ய மார்க்சியர் போரிஸ் ககார்லிட்ஸ்கிக்கு 2024இல் ஐந்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

நேட்டோவின் விரிவாக்கம் பின்னணியை விளக்கும், படையெடுப்பை நியாயப்படுத்தாது. முதல் உலகப் போர் மூண்டதும், 1914 ஆகஸ்ட் 4 அன்று ஜெர்மன் சமூக ஜனநாயகக் கட்சி நாடாளுமன்றத்தில் போர்க்கடனுக்கு ஆதரவாக வாக்களித்தது. டிசம்பர் 2 அன்று அக்கட்சியின் உறுப்பினர் கார்ல் லீப்னெக்ட் தனி ஒருவராக எதிர்த்து வாக்களித்தார். முதன்மை எதிரி சொந்த நாட்டில்தான் இருக்கிறான் என்று மறு ஆண்டு அவர் எழுதியதை, அடுத்த நாட்டு ஆளும் வர்க்கம் நிரபராதி என்று படிப்பவர்கள் தவறாகப் படிக்கிறார்கள். மாஸ்கோவில் இருக்கும் சோசலிசவாதிக்கு அந்த வாசகம் புதினைத்தான் சுட்டும்.

கேள்வி: பொருளாதாரத் தடைகளை ஆதரிக்கிறீர்களா?

பதில்: ஆயுத விற்பனைத் தடையை ஆதரிக்கிறேன். ஒரு நாட்டையே பட்டினி போடும் தடைகளை ஆதரிக்கவில்லை. 1990க்குப் பிறகு ஈராக்கில் மக்கள் மெலிந்தார்கள், ஆட்சி மெலியவில்லை. ரஷ்யக் கச்சா எண்ணெய்க்கு மேற்கு நாடுகள் 2022 டிசம்பரில் பீப்பாய்க்கு 60 டாலர் என்று உச்சவரம்பு விதித்தார்கள். இந்தியாவும் சீனாவும் தள்ளுபடியில் வாங்கின; அதிலிருந்து சுத்திகரித்த டீசலில் ஒரு பகுதி ஐரோப்பாவுக்கே போய்ச் சேர்ந்தது.

கேள்வி: எல்லாவற்றையும் அரசுடைமை ஆக்கிவிட்டால் தீர்ந்துவிடுமா?

பதில்: தீராது. நார்வேயின் எக்வினார் நிறுவனத்தில் 67 விழுக்காடு அரசின் கையில் இருக்கிறது. 2022இல் அதுவும் அண்டை நாடுகளுக்குச் சந்தை விலையில்தான் எரிவாயு விற்றுப் பெருஞ்செல்வம் சேர்த்தது. அந்த வருவாய் நார்வே மக்களின் பொது நிதிக்குப் போவது தனியார் பைக்குப் போவதைவிட மேல் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த எரிவாயுவை வாங்கிய தொழிலாளியின் குடும்பத்துக்கு அதனால் ஒரு வித்தியாசமும் இல்லை. சோவியத் ஒன்றியத்தில் தனியார் எண்ணெய் நிறுவனமே கிடையாது. 1979இல் ஆப்கானிஸ்தானுக்குள் படை நுழைந்ததை அது தடுக்கவில்லை. உடைமை மாறுவது முதல் படி. எவ்வளவு எடுப்பது, யாருக்கு என்ன விலைக்குக் கொடுப்பது, எப்போது நிறுத்துவது என்பதை உழைப்பவர்களும் பயன்படுத்துபவர்களும் முடிவு செய்யாதவரை, கையெழுத்துப் போடும் ஆள் மட்டுமே மாறியிருப்பார்.

கேள்வி: சூரிய ஒளியை யாரும் முற்றுகையிட முடியாது. முழுவதும் அதற்கு மாறிவிட்டால் எரிசக்திப் போர்கள் நின்றுவிடும் அல்லவா?

பதில்: பாதி சரி. பாரசீக வளைகுடாவின் வாயிலான ஹோர்முஸ் நீரிணை வழியாக நாளொன்றுக்கு 2 கோடி பீப்பாய் அளவில், உலக நுகர்வில் ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் போய்வந்தது; அப்படியொரு கழுத்து சூரியனுக்கு இல்லை. ஆனால் தகடுகளுக்கும் மின்கலன்களுக்கும் கழுத்து உண்டு. மின்கலனில் சேரும் உலோகமான கோபால்ட்டில், உலக அளவில் ஏறத்தாழ 70 விழுக்காடு காங்கோ ஜனநாயகக் குடியரசில் வெட்டி எடுக்கப்படுகிறது, அதில் ஒரு பகுதியைக் கையாலேயே குழி தோண்டி எடுக்கிறார்கள். சூரியத் தகடு உற்பத்தியின் ஒவ்வொரு கட்டத்திலும் 80 விழுக்காட்டுக்கு மேல் சீனாவில் நடக்கிறது. வல்லரசுகளின் போட்டி இப்போதே அங்கே இடம் மாறிக்கொண்டிருக்கிறது.

இருந்தாலும் இரண்டையும் ஒன்றாக்குபவர்களோடு நான் உடன்படவில்லை. எண்ணெய் எரிந்து போகும். கப்பல் நின்றால் சில வாரங்களில் வண்டியும் நிற்கும். லித்தியம் வராமல் போனால் புதிய மின்கலன் செய்வது தடைபடும், ஓடுகிற வண்டி ஓடும். பழைய உலோகத்தை உருக்கி மீண்டும் பயன்படுத்தலாம். மிரட்டலின் கூர்மை அந்த அளவுக்கு மழுங்கத்தான் செய்யும்.

கேள்வி: ஆயுத உதிரிபாகம் செய்யும் ஆலையில் வேலை செய்கிறேன். போர் எதிர்ப்புப் பேசினால் என் வேலைக்கு யார் பொறுப்பு?

பதில்: நியாயமான கோபம். படைச் செலவையும் பாதுகாப்பு சார்ந்த பிற செலவையும் சேர்த்து 2035க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 5 விழுக்காடாக்குவது என்று நேட்டோ நாடுகள் 2025 ஜூனில் ஒப்புக்கொண்ட பிறகு, இதை வேலைவாய்ப்புத் திட்டமாகவே விற்கிறார்கள். உங்களைப் போன்றவர்கள் இதற்கு ஒருமுறை பதில் சொல்லியிருக்கிறார்கள். 1970களில் பிரிட்டனில் விமான உறுப்புகள் செய்த லூகாஸ் ஏரோஸ்பேஸ் ஆலைகளில் ஆட்குறைப்பு வரவிருந்தது. அவற்றின் உற்பத்தியில் ஏறத்தாழப் பாதி ராணுவத்துக்கானது. தொழிற்சங்கப் பிரதிநிதிகள் வேறு என்ன செய்யலாம் என்று வெளியிலிருந்த நிபுணர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே பதில் போட்டார்கள். பிறகு தங்கள் உறுப்பினர்களையே கேட்டார்கள்: உங்கள் இயந்திரத்தில், உங்கள் கைத்திறனில், மக்களுக்குப் பயன்படும் எந்தப் பொருளைச் செய்ய முடியும்? 1976இல் வெளியான திட்டத்தில் சுமார் 150 பொருள்கள் இருந்தன. சிறுநீரகச் சுத்திகரிப்புக் கருவி, வெப்ப ஏற்றி (வெளியிலுள்ள வெப்பத்தை வீட்டுக்குள் இழுத்துத் தரும் கருவி), சாலையிலும் தண்டவாளத்திலும் ஓடும் பேருந்து, மின்சாரமும் எரிபொருளும் கலந்து இயங்கும் வண்டி எல்லாம் அதில் அடக்கம். நிர்வாகம் ஏற்கவில்லை, அன்றைய தொழிற்கட்சி அரசும் நிர்ப்பந்திக்கவில்லை. இன்று வெப்ப ஏற்றிகளுக்கும் அத்தகைய வண்டிகளுக்கும் உலகெங்கும் சந்தை இருக்கிறது.

கேள்வி: கட்டுரை எழுதுவதைத் தவிர, போரைத் தடுக்க உழைப்பவர்களால் என்ன முடியும்?

பதில்: 2019 மே மாதம் இத்தாலியின் ஜெனோவா துறைமுகத்துக்கு ஒரு சவுதி சரக்குக் கப்பல் வந்தது. அதில் ஏறவேண்டிய மின்னாக்கிகள் யேமன் போருக்குப் பயன்படும் என்று கூறித் துறைமுகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து ஏற்ற மறுத்தார்கள். கப்பல் அந்தச் சரக்கு இல்லாமலே புறப்பட்டது. யேமன் போர் அதனால் நிற்கவில்லை. ஆனால் 2024 அக்டோபரில் கிரேக்கத்தின் பிரேயஸ் துறைமுகத்தில் வெடிபொருள் பெட்டகம் ஒன்றை மறித்த தொழிலாளர்களுக்கு, அப்படியும் செய்யலாம் என்பது முன்பே தெரிந்திருந்தது.