பழைய பருத்திச் சேலையில் கையாலேயே போர்வை தைக்கலாமா?

கேள்வி: அம்மாவும் மாமியாரும் கட்டிய பழைய சேலைகள் பீரோவில் ஒரு தட்டு நிறைய இருக்கின்றன. சுங்குடி, செட்டிநாட்டுக் கட்டம், வாயில் சேலை என்று கலந்து கிடக்கின்றன. இரண்டு சிந்தெடிக், கிழிந்த பட்டுச்சேலை ஒன்றும் உண்டு. பேத்திக்கு ஒரு சின்ன விரிப்பும், ஏசி அறையில் நாங்கள் போர்த்திக்கொள்ள ஒரு போர்வையும் தைக்க ஆசை. வீட்டில் தையல் மிஷின் இல்லை. பொத்தான் வைக்கவும் ஹெம்மிங் போடவும் தெரியும், அவ்வளவுதான். நடுவில் பஞ்சு வைக்க வேண்டும் என்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: தாராளமாகத் தைக்கலாம். மிஷின் இல்லையே என்று கவலைப்படாதீர்கள். நைந்த பருத்திக்குக் கைத்தையல்தான் நல்லது. மிஷின் ஊசி நெருக்கமாகக் குத்திக்கொண்டே போகும். பழைய துணி அந்தத் துளை வரிசையிலேயே கிழியத் தொடங்கும். கையால், ஊசியை மேலும் கீழுமாக விட்டு நேராகப் போடும் ஓட்டுத் தையல் கொஞ்சம் தளர்வாக இருப்பதால் துணி அசையும்போது நூலும் கூடவே அசைந்து கொடுக்கும்.

வங்காளத்தின் காந்தா, பீகாரின் சுஜனி, மகாராஷ்டிரத்தின் கோதடி, கர்நாடகத்தின் உத்தர கன்னடப் பகுதியில் சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தி எல்லாமே கட்டிக் கழித்த துணியை அடுக்கி, கையால், இதே ஓட்டுத் தையலில் உருவானவைதான். வங்காளத்துப் பெண்கள் பழைய சேலைக் கரையிலிருந்து வண்ண இழைகளை உருவி, அந்த நூலிலேயே தைத்தார்கள். நம் பக்கத்தில் பழஞ்சேலை தூளியாகும், பாய்மேல் விரிப்பாகும், கடைசியில் அடுப்படிக் கரித்துணியாகும். அடுக்கித் தைப்பதும் அதே துணிக்கு இன்னொரு வாழ்வு, அவ்வளவுதான்.

இனி பஞ்சு விஷயம். வைக்காதீர்கள். பாலியஸ்டர் பஞ்சுத் தாள் வைத்தால் நம் வெயிலுக்குப் புழுங்கும். இலவம் பஞ்சு வைத்தால் துவைக்கவே முடியாது, ஒரு மூலையில் போய் உருண்டுகொள்ளும். எந்தப் பஞ்சு வைத்தாலும் மழைக்காலத்தில் உள்ளே ஈரம் தங்கி வாடை வரும். மூன்று அடுக்குப் பருத்திச் சேலை ஏசி அறைக்குப் போதுமான கதகதப்பைத் தரும். துவைத்துக் கொடியில் போட்டால் ஒரு நல்ல வெயிலில் காய்ந்துவிடும். ஏசியை அதிகக் குளிரில் வைக்கும் வீடு என்றால் நான்காவது அடுக்கு சேர்க்கலாம். அதற்கு மேல் போனால் ஊசி இறங்காது, விரல்தான் வலிக்கும்.

இந்த வேலையில் பாதி, துணியைப் பொறுக்குவதிலேயே இருக்கிறது. சேலை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நைவதில்லை. உட்கார்ந்து எழும் இடம், இடுப்பில் செருகிய ஓரம், தரையில் உரசும் கீழ்க்கரை ஆகியவைதான் முதலில் போகும். முந்தானை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஒவ்வொரு சேலையையும் ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, நீளம் முழுவதையும் கையால் ஓட்டிப் பாருங்கள். சல்லடை மாதிரித் தெரியும் இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டு வையுங்கள். பிறகு இரண்டு கட்டைவிரல்களையும் துணியில் பக்கத்துப் பக்கத்தில் அழுத்தி, நீளவாட்டில் ஒருமுறை, அகலவாட்டில் ஒருமுறை லேசாக இழுங்கள். இழை விலகி அப்படியே திரும்பி வந்தால் துணி நன்றாக இருக்கிறது. விலகியது விலகியபடியே நின்றால் அந்தத் துண்டு நடு அடுக்குக்குப் போகலாம். 'சர்ர்' என்று பிரிந்தால், எவ்வளவு ஆசையான சேலையானாலும் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிடுங்கள். மனசு கேட்காமல் அதையும் உள்ளே வைத்துத் தைத்தால் இரண்டாவது துவையலிலேயே அங்கே பொத்தல் விழும், சுற்றியுள்ள தையலும் கூடவே தளரும்.

உங்களிடம் உள்ள வகைகளை இப்படிப் பிரிக்கலாம். வாயிலும் சுங்குடியும் மெல்லியவை, ஊசி வழுக்கிக்கொண்டு இறங்கும். மேலடுக்குக்கும் நடுவுக்கும் அவை. செட்டிநாட்டுக் கட்டம் கனமான நெசவு. எல்லா அடுக்கிலும் அதையே வைத்தால் தைப்பது சிரமம், ஆனால் அடியில் ஒரே ஒரு அடுக்காக வைத்தால் போர்வைக்கு நல்ல உறுதி கிடைக்கும். கட்டம் போட்ட சேலையில் இன்னொரு வசதியும் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன். சிந்தெடிக்கைப் பருத்தியோடு கலக்க வேண்டாம். பருத்தி துவைக்கத் துவைக்கச் சுருங்கும், சிந்தெடிக் சுருங்காது. பத்து துவையலில் ஒன்று சுருங்கி இன்னொன்று தொங்கி நிற்கும்.

அடுத்தது சாயம். நனைத்த வெள்ளைத் துணியால் ஒவ்வொரு சேலையையும் ஓரத்தில் அழுத்தித் தேயுங்கள். சிவப்பு, கருநீலம், அரக்கு நிறங்களில் கூடுதல் கவனம் வேண்டும். வெள்ளைத் துணியில் நிறம் ஒட்டினால் அந்தச் சேலை இந்த வேலைக்கு ஆகாது. உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று வீட்டுக்கு வீடு சொல்வார்கள். சாயம் ஏற்றும் தொட்டியில் உப்புக்கு வேலை உண்டு, துணி நூலுக்குள் சாயத்தை இழுக்க அது உதவும். சாயமேற்றி முடித்து வருஷக்கணக்கில் கட்டிய சேலையில் இனி உப்பு ஒன்றும் செய்யாது. அடுத்த துவையலிலும் சாயம் போகத்தான் செய்யும், பக்கத்துத் துண்டில் ஏறத்தான் செய்யும்.

தேர்ந்தெடுத்த சேலைகளில் ஃபால் இருந்தால் பிரித்துவிடுங்கள். பிரித்த ஃபால் துணியை எறிய வேண்டாம், ஓரம் கட்ட அது உதவும். பிறகு கஞ்சி முழுவதும் போகும்படி துவையுங்கள். கஞ்சி இருந்தால் ஊசி விறைப்பாக இறங்கும், தவிர இராமபாணப் பூச்சிக்குக் கஞ்சி பிடித்த தீனி. காய்ந்ததும் இஸ்திரி போட்டு வையுங்கள்.

அளவுக் கணக்கு எளிது. பிளவுஸ் துண்டு இல்லாத சேலை சுமார் 5.5 மீட்டர் நீளம், 1.15 மீட்டர் அகலம் இருக்கும். பேத்தியின் விரிப்பு ஒன்றேகால் கஜச் சதுரம் என்றால் ஒரே சேலையில் மூன்று அடுக்கும் வந்துவிடும், மிச்சமும் இருக்கும். ஒருவர் படுக்கும் 3 அடி கட்டிலுக்கு, சேலையை 2.2 மீட்டராக இரண்டு துண்டு போடலாம். இன்னொரு சேலையிலிருந்து மூன்றாவது துண்டு. இருவர் போர்வைக்கு ஒரு சேலை ஒரு அடுக்கு. 2.2 மீட்டர் துண்டுகள் இரண்டைக் கரையோடு கரையாக இணைத்தால் சுமார் 2.3 மீட்டர் அகலம் வரும். அப்படி மூன்று சேலை. இணைப்பு மூன்று அடுக்கிலும் ஒரே இடத்தில் வராமல் ஒவ்வொன்றையும் இரண்டு விரற்கடை தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் நடுவில் மேடு கட்டும்.

பேத்தியின் விரிப்பில் தொடங்குங்கள் என்பதுதான் என் ஆலோசனை. கை பழகும், சீக்கிரம் முடிவதால் மனமும் சோராது. ஒரு வயது ஆகாத குழந்தை என்றால் அதை விழித்திருக்கும்போது தரையில் விரித்து விளையாட விடுவதற்கு மட்டும் வையுங்கள். அந்த வயதில் தூங்கும் குழந்தை மேல் தளர்வான போர்வை எதுவும் போடக் கூடாது, முகத்தை மூடிக்கொண்டால் அதுவாக விலக்கத் தெரியாது.

துண்டு போடும்போது கத்தரியைக் குறைவாகவே பயன்படுத்துங்கள். தடித்த கரையை மட்டும் கத்தரியால் வெட்டி, அங்கிருந்து அகலவாட்டில் கையால் கிழியுங்கள். அகலவாட்டில் ஓடும் ஊடை இழையை ஒட்டியே கிழியும், ஸ்கேல் வைத்தாலும் அவ்வளவு நேராக வெட்ட வராது.

இனி அடுக்குவது. தரையைத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு அடித்துணியை விரியுங்கள். நான்கு மூலையிலும் கனமாக எதையாவது வையுங்கள். அதன் மேல் நடுத்துணி, அதன் மேல் மேல்துணி. பாவு, அதாவது நீளவாட்டில் ஓடும் இழை, மூன்றிலும் ஒரே திசையில் ஓடட்டும், அப்போதுதான் சுருங்கினாலும் சேர்ந்தே சுருங்கும். மேல்துணியை மட்டும் நான்கு பக்கமும் இரண்டு விரற்கடை குறைவாக வையுங்கள். ஒவ்வொரு அடுக்கையும் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி உள்ளங்கையால் தடவிச் சுருக்கம் எடுங்கள். அப்புறம் வெள்ளை நூலில், நீளமான தற்காலிகத் தையல். நடுவிலிருந்து நான்கு ஓரங்களுக்கும், ஒரு சாண் இடைவெளியில் ஓட்டிவிடுங்கள். குண்டூசி குத்தி வைப்பது வேகமான வழி என்றாலும் குழந்தை இருக்கும் வீட்டில் அது வேண்டாம். இந்தத் தற்காலிகத் தையலைச் சோம்பலில் விட்டுவிட்டால் பாதிப் போர்வை முடியும்போது மேல்துணி ஒரு பக்கம், அடித்துணி ஒரு பக்கம் நிற்கும். அதன் பிறகு பிரிப்பதைத் தவிர வழியில்லை.

நூலுக்கு எம்பிராய்டரிப் பருத்தி நூல்கண்டு வாங்குங்கள். ஒரு கண்டு 8 மீட்டர், அதில் ஆறு இழை இருக்கும். மூன்று மூன்றாகப் பிரித்தால் ஒரு கண்டில் 16 மீட்டர் தைக்கலாம். ஒன்றேகால் கஜச் சதுரத்தில் 2 சென்டிமீட்டருக்கு ஒரு வரிசை என்றால் ஐந்து கண்டு போதும். கையூசியில் எண் கூடக் கூட ஊசி மெலியும். 7ஆம் எண் எம்பிராய்டரி ஊசி சரியாக இருக்கும். நூலை ஒரு முழத்துக்கு மேல் எடுக்காதீர்கள், நீளமானால் சிக்கும், நுனியும் பஞ்சாகும். முடிச்சை வெளியே விடாமல், மேல்துணிக்கு அடியில் ஊசியைச் செலுத்தி லேசாகச் சுண்டி இழுத்தால் அது உள்ளே போய் ஒளிந்துகொள்ளும்.

இப்போது கட்டத்தின் வசதி. மேலடுக்கில் கட்டம் போட்ட சேலையை வைத்தால் கோடு போடவே வேண்டாம். கட்டத்தின் கோட்டைப் பிடித்துக்கொண்டே தைத்துப் போகலாம். அதற்காகச் செட்டிநாட்டு வகையையே மேலே வைக்க நினைத்தால், மற்ற இரண்டு அடுக்கும் வாயில் சேலையாக இருக்கட்டும். ஒவ்வொரு தையலும் ஒரு நெல்மணி நீளம் இருந்தால் போதும். எல்லாம் ஒரே அளவில் வர வேண்டும் என்று பார்க்காதீர்கள். ஊசி மூன்று அடுக்கையும் பிடிக்கிறதா என்பதை மட்டும் அடிக்கடி திருப்பிப் பாருங்கள். ஊசியில் மூன்று நான்கு தையலைக் கோத்து, பிறகு ஒரே இழுப்பாக இழுக்கலாம். இழுத்ததும், அந்த வரிசையைக் கட்டைவிரலால் நீவி விடுங்கள். முதல்முறை தைப்பவர்கள் சறுக்கும் இடம் இதுதான்: நூலை இறுக்கிவிடுவார்கள், போர்வை மொத்தமும் கொசுவம் வைத்த மாதிரி சுருங்கிவிடும். ஊசியைத் தள்ளும் நடுவிரலில், தையல்காரர்கள் போடும் உலோகத் தொப்பியை மாட்டிக்கொள்ளுங்கள். நான்காவது வரிசையிலேயே அதன் அருமை தெரியும்.

நடுவில் தொடங்கி ஓரத்துக்குப் போங்கள். கவந்தி தைக்கும் சித்திப் பெண்கள் இதற்கு நேர்மாறாக ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். மேலே வைக்கும் ஒட்டுத் துண்டுகளை அவர்கள் ஒவ்வொன்றாக மடித்து வைத்துத் தைத்துக்கொண்டே போவதால், மிஞ்சும் துணி அந்த மடிப்பிலேயே அடங்கிவிடுகிறது. மூலைகளில் பூ மாதிரி மடித்த முக்கோணத் துண்டுகளும் வைப்பார்கள், அவ்வளவு அழகு. ஆனால் முழுச் சேலையை அப்படியே மேலே விரித்திருக்கும் நமக்கு, ஓரத்தில் தொடங்கினால் மிஞ்சும் துணியெல்லாம் நடுவில் வந்து உப்பி நிற்கும்.

எல்லா வரிசையும் முடிந்ததும் ஓரத்தைச் சமமாக வெட்டி, கரை கட்டுங்கள். சேலையின் சொந்தக் கரையில் நையாத பகுதிதான் இதற்கு முதல் தேர்வு. நெருக்கமாக நெய்தது, எளிதில் நையாது. ஜரிகை இருந்தால் வேண்டாம், தோலைக் கீறும். நான்கு விரல் அகலத்துக்கு நறுக்கி, ஓரத்தின் இரு பக்கமும் வரும்படி மடித்து, உங்களுக்குத் தெரிந்த ஹெம்மிங்கையே போடுங்கள். கரை போதாவிட்டால் பிரித்து வைத்த ஃபால் இருக்கிறது. முடித்ததும் தற்காலிகத் தையலைப் பிரித்து, ஒரு காந்தத்தைப் போர்வை முழுவதும் ஓட்டிப் பாருங்கள். முறிந்த ஊசி நுனி எங்காவது தங்கியிருந்தால் ஒட்டிக்கொள்ளும்.

முதல் துவையல் குளிர்ந்த தண்ணீரில், தனியாக. முறுக்கிப் பிழிய வேண்டாம். நிழலில், கொடியில் அகலமாக விரித்துக் காயப் போடுங்கள். எங்காவது கிழிந்தால் பிரிக்கத் தேவையில்லை. மேலே ஒரு துண்டு வைத்து ஓரம் மடித்துத் தைத்துவிட்டால் ஆயிற்று. அதற்காகவே வெட்டி மிஞ்சிய நல்ல துண்டுகளை ஒரு பையில் போட்டு வையுங்கள்.

கிழிந்த பட்டுச்சேலை மடிப்பில் மட்டும் விட்டிருந்தால் முந்தானையையும் கரையையும் வெட்டியெடுத்துத் தலையணை உறைக்கு வைக்கலாம். உள்ளே பருத்தித் துணி கொடுத்துத் தைத்தால்தான் பட்டு தாங்கும். மடிப்பு இல்லாத இடத்திலும் தொட்டவுடன் பிளக்கிறது என்றால் அதில் ஊசி குத்தாதீர்கள், பழைய வேட்டித் துணியில் சுற்றி அப்படியே வைத்திருங்கள். சிந்தெடிக் இரண்டும் பை தைக்கவோ, பீரோவுக்கு மேலே உள்ள பெட்டிகளைத் தூசு படாமல் மூடவோ நன்றாக உழைக்கும்.