வெல்லத்தில் செய்தால் போதுமா?

கேள்வி: மகனுக்கு ஏழு வயது, மகளுக்கு மூன்று. போன தீபாவளிக்கு ஒரு வாரம் இருவரும் சரியாகச் சோறு சாப்பிடவில்லை. பெரியவனுக்கு வயிற்றுவலி வேறு. இந்த வருடம் சர்க்கரையைத் தொடாமல் எல்லாப் பலகாரத்தையும் வெல்லத்தில் செய்துவிடலாமா? “பண்டிகையும் அதுவுமா பிள்ளைகள் வாயைக் கட்டாதே” என்கிறார் மாமியார்.

பதில்: என் ஓட்டு முக்கால்வாசி உங்கள் மாமியாருக்குத்தான்.

வெல்லத்தில் கொஞ்சம் இரும்புச்சத்து உண்டு, சரி. ஆனால் அதுவும் பெரும்பாலும் சர்க்கரைதான். பல்லுக்கு வித்தியாசம் தெரியாது. ‘வெல்லம்தானே’ என்று கூட இரண்டு கொடுத்துவிடுவோம், அதுதான் வம்பு. இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குச் சேர்க்கும் சர்க்கரை நாளுக்கு 25 கிராமுக்குள், அதாவது ஆறு டீஸ்பூனுக்குள் இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்க இதயச் சங்கம். பெரிய மைசூர்பாகு இரண்டு தின்றால் அந்தக் கணக்கு முடிந்தது.

தீபாவளி அன்று ஒரு நாள் கணக்கு மீறினால் ஒன்றும் ஆகிவிடாது. தொல்லை மறுநாள் தொடங்குகிறது. அக்கம்பக்கத்தில் வந்த டப்பாக்கள் மேஜைமேல் திறந்தே கிடக்கும். பிள்ளை போகும்போது ஒரு லட்டு, வரும்போது பாதி ஜாங்கிரி. ஒவ்வொரு முறையும் வாய்க்கிருமிகள் அமிலம் சுரக்கும். அது அடங்க அரை மணி நேரம்கூட ஆகலாம். பசியும் செத்துப்போகும். அதனால் சாப்பாடு முடிந்ததும் இனிப்பு, அப்புறம் டப்பா பரண்மேல். ஒளித்து வைக்க வேண்டாம், எட்டாமல் இருந்தால் போதும்.

அளவை நீங்கள் குறைப்பதைவிடப் பையனைக் குறைக்க வையுங்கள். மாலாடு செய்யும்போது பக்கத்தில் உட்கார வையுங்கள். ஒரு டம்ளர் பொட்டுக்கடலை மாவுக்கு அரை டம்ளர் பொடித்த சர்க்கரை தாராளம். சூடான நெய்யை நீங்களே ஊற்றிக் கலந்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் அவனிடம் கொடுங்கள். அந்தச் சின்னக் கைக்கு நெல்லிக்காய் அளவுதான் பிடிக்க வரும். கோணல்மாணலாக இருந்தாலும் ‘நான் பிடிச்சது’ என்று தெருவெல்லாம் கொண்டுபோய்க் கொடுப்பான்.

சின்னவளுக்கு இனிப்பைவிட மிக்சர்தான் என் கவலை. அதிலுள்ள முழு வேர்க்கடலை மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். ஐந்து வயதுவரை முழுக் கொட்டைகளும் கல் மாதிரி சீடையும் வேண்டாம். ஓமப்பொடி கொடுங்கள், அதையும் உட்கார்ந்து தின்னச் சொல்லுங்கள்.

பெரியவனின் வயிற்றுவலிக்கு எண்ணெய்ப் பலகாரமும் மலச்சிக்கலும் காரணமாக இருந்திருக்கலாம். தண்ணீரும் கொய்யாவும் கொடுங்கள். வலியோடு காய்ச்சலோ, பச்சை நிற வாந்தியோ வந்தால் லேகியத்தை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். தீபாவளி ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.