எவர்சில்வரில் வெள்ளி இருக்கிறதா?

அறிவியல் கேள்வி – பதில்

கேள்வி: தனிம வரிசை அட்டவணையைச் சுவரில் மாட்டி, முதல் தொகுதியிலிருந்து வரிசையாக நடத்துகிறேன். இரண்டாம் நாளே பிள்ளைகளுக்குக் கொட்டாவி வந்துவிடுகிறது. வேறு எப்படித் தொடங்கலாம்?
(ஏழாம் வகுப்பு ஆசிரியர், விருத்தாசலம்)

பதில்: முதல் வாரம் அந்தப் படத்தைச் சுருட்டி வைத்துவிடுங்கள். பிள்ளைகளே போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கின் விடை அதில் இருக்கிறது.

நான்கு பேருக்கு ஒரு கட்டு என்று 16 அட்டைகள் தயார் செய்யுங்கள். அணு நிறையோடு அவை: லித்தியம் 7, பெரிலியம் 9, போரான் 11, கார்பன் 12, நைட்ரஜன் 14, ஆக்சிஜன் 16, ஃப்ளூரின் 19, சோடியம் 23, மக்னீசியம் 24, அலுமினியம் 27, சிலிக்கான் 28, பாஸ்பரஸ் 31, கந்தகம் 32, குளோரின் 35.5, பொட்டாசியம் 39, கால்சியம் 40. ஹைட்ரஜனும், எதனோடும் எளிதில் சேராத மந்த வாயுக்களும் இப்போதைக்கு வேண்டாம்.

ஒவ்வோர் அட்டையிலும் பெயர், அணு நிறை, இணைதிறன் (ஓர் அணு மற்ற அணுக்களோடு சேரும் திறனைக் காட்டும் எண்) மூன்றும் இருக்கட்டும். லித்தியம் முதல் ஃப்ளூரின் வரை இணைதிறன் 1, 2, 3, 4, 3, 2, 1. சோடியம் முதல் குளோரின் வரை மறுபடியும் அதே. பொட்டாசியம் 1, கால்சியம் 2. (கந்தகத்துக்கும் பாஸ்பரசுக்கும் வேறு இணைதிறன்களும் உண்டு, ஹைட்ரஜனோடு சேரும்போது உள்ளதை மட்டும் எழுதுங்கள்.) உலோகங்களுக்கு மஞ்சள் அட்டை, அலோகங்களுக்கு நீலம், போரானுக்கும் சிலிக்கானுக்கும் பச்சை.

நிற வேறுபாட்டை விட்டுவிடாதீர்கள். ஒரே நிறத்தில் கொடுத்தால், இரண்டுக்கும் இணைதிறன் 1 என்பதால் ஃப்ளூரினையும் சோடியத்தையும் ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கிவிடுவார்கள். பெரும்பாலான குழுக்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

கலைத்த கட்டை முதலில் நிறைப்படி ஒரே நீள வரிசையாகத் தரையில் பரப்பச் சொல்லுங்கள். இணைதிறனை உரக்கப் படிக்கட்டும். 'ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று' என்று ஏறி இறங்கும் தாளம் காதில் விழுந்ததும், மஞ்சள் அட்டை மறுபடி தொடங்கும் இடங்களில் வரிசையை வெட்டி, ஒன்றன்கீழ் ஒன்றாக வைக்கச் சொல்லுங்கள். லித்தியம், சோடியம், பொட்டாசியம் மூன்றும் ஒரே நிரலில் வந்து நிற்கும்.

அடுத்த பாடவேளையில், சொல்லாமலே சிலிக்கானை எடுத்துவிட்டுக் கட்டைக் கொடுங்கள். தாளம் 1, 2, 3, 3, 2, 1 என்று தட்டும்; நிறையும் 27-லிருந்து 31-க்குத் தாவும். ஓர் இடத்தைக் காலியாக விட்டு, அங்கே வரவேண்டியதன் நிறையை ஊகிக்கச் சொல்லுங்கள். 28, 29 என்றுதான் வரும்.

ரஷ்ய வேதியியலர் மெண்டலீவ் 1869-இல் செய்ததும் ஏறக்குறைய இதைத்தான். அன்று தெரிந்திருந்த தனிமங்கள் 63. அலுமினியத்துக்குக் கீழே காலியாக இருந்த இடத்துக்கு 'ஏகா-அலுமினியம்' என்று பெயரிட்டு, அணு நிறை 68, அடர்த்தி 5.9 என்று எழுதி வைத்தார். ('ஏகா' என்பது நம் 'ஏகம்' வந்த அதே வடமொழிச் சொல்தான்.) 1875-இல் பிரான்சில் காலியம் கிடைத்தது, அணு நிறை 69.7. கண்டுபிடித்தவர் முதலில் அளந்த அடர்த்தி 4.7. மறுபடி அளந்து பாருங்கள் என்றார், அந்தப் பொருளைக் கண்ணாலும் பார்த்திராத மெண்டலீவ். தூய்மைப்படுத்தி அளந்தபோது 5.9 வந்தது. காலியம் 29.8 டிகிரி செல்சியஸில் உருகிவிடும்; சித்திரை மாதத்துச் சென்னையில் அதைத் திடமாக வைத்திருப்பதே பாடு.

மூன்றாம் நாள் மந்த வாயுக்களான ஹீலியம் (4), நியான் (20), ஆர்கான் (39.95) அட்டைகளை இணைதிறன் 0 என்று போட்டுச் சேர்த்துவிடுங்கள். ஹீலியமும் நியானும் ஒழுங்காக உட்காரும். ஆர்கான் மட்டும் நிறைப்படி பொட்டாசியத்துக்குப் (39.1) பின்னால் போய் நின்று தாளத்தைக் கெடுக்கும். 'சார், தப்பா வருது' என்று யாராவது சொல்வார்கள். அணு எண்ணைப் பற்றிப் பேச அதுதான் நேரம். வரிசையைத் தீர்மானிப்பது நிறையில்லை, அணுக்கருவின் மின்சுமை (அதுதான் அணு எண்) என்பதை ஆங்கிலேய இயற்பியலர் மோஸ்லி எக்ஸ்-கதிர்களைக் கொண்டு 1913-இல் காட்டினார்: ஆர்கான் 18, பொட்டாசியம் 19.

கேள்வி: 'வீட்டிலிருந்து ஐந்து தனிமங்கள் கொண்டு வா' என்று மகளுக்கு வீட்டுப்பாடம். எவர்சில்வர் கரண்டி, பித்தளை விளக்கு, உப்பு கொடுத்தனுப்பினேன். மூன்றும் தவறாம்!
(ஒரு தாய், திருப்பூர்)

பதில்: மூன்றும் தவறுதான். தனிமம் என்றால் ஒரே வகை அணுக்கள் மட்டுமே இருக்க வேண்டும். எவர்சில்வரில் வெள்ளி மருந்துக்கும் இல்லை. இரும்பும் குரோமியமும், பல வகைகளில் நிக்கலும் கலந்த உலோகக்கலவை அது. பித்தளை செம்பும் துத்தநாகமும். உப்பு, சோடியமும் குளோரினும் சேர்ந்த சேர்மம்.

கொடுத்தனுப்பக்கூடியவை: பிளாஸ்டிக் உறை உரித்த செம்புக் கம்பி, அலுமினியத் தாள், நாட்டு மருந்துக் கடைக் கந்தகம், அடுப்புக் கரி. கரி முழுக்கத் தூய கார்பன் இல்லை, ஆனால் இந்த வயதுக்கு அது போதும். இரும்பு ஆணியும் அப்படியே.

பெயரை நம்பாதீர்கள். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. காரீயம் என்பது நஞ்சான வேறொரு தனிமம். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகும், அதனால்தான் வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் ஓட்டையாகிறது. தகரக் கூரை துத்தநாகம் பூசிய இரும்பு. '916' நகையில் ஆயிரம் பங்குக்கு 916 பங்குதான் தங்கம்.

பழைய காய்ச்சல்மானியிலுள்ள பாதரசத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் கொடுத்தனுப்பாதீர்கள். அதன் ஆவி கண்ணுக்குத் தெரியாது, நச்சு.

கேள்வி: இரும்புத் தூளையும் கந்தகத்தையும் சூடாக்கிச் செய்து காட்டினேன். ஆறிய பிறகும் காந்தம் நன்றாக இழுத்தது. 'அப்போ இரும்பு அப்படியேதானே சார் இருக்கு?' என்று கேட்கிறார்கள்.
(ஆசிரியர், தென்காசி)

பதில்: இரும்பு முழுவதும் கந்தகத்தோடு சேர்ந்து இரும்பு சல்பைடு என்ற சேர்மமாகிவிட்டால் காந்தம் அப்படி இழுக்காது; உங்கள் குழாயில் இரும்பு மிஞ்சியிருக்கிறது. கரண்டியால் அளந்தீர்களா? விகிதம் எடைக்கணக்கு: இரும்பு 7 பங்கு, கந்தகம் 4 பங்கு. இரும்பின் அடர்த்தி 7.9, கந்தகத்தினுடையது ஏறத்தாழ 2. ஏழு கரண்டி இரும்புக்கு நான்கு கரண்டி கந்தகம் என்று போட்டால் ஏராளமான இரும்பு வினைபுரியாமல் மிஞ்சும். தராசில் நிறுத்து, தாளில் கொட்டி, நிறம் ஒரே சீராகும்வரை கலக்குங்கள். துரு ஏறிய தூளும், லேத் பட்டறைச் சுருள்களும் சரிப்படாது.

ஒரு சோதனைக் குழாய்க்கு 2 கிராம் கலவை போதும். குழாயின் வாயில் தீப்பிடிக்காத கனிமப் பஞ்சைச் செருகுங்கள். இல்லாவிட்டால் கந்தக ஆவி எரிந்து கந்தக டையாக்சைடு கிளம்பும். ஜன்னல்கள் திறந்திருக்கட்டும். ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் தள்ளி நிற்கட்டும். அடியில் செந்தணல் தெரிந்ததும் விளக்கை எடுத்துவிடுங்கள். வினை வெளியிடும் வெப்பத்திலேயே தணல் மேலேறும். விளக்கை எடுத்ததும் தணல் அணைந்துவிட்டால் வினை பாதியில் நின்றுவிட்டது என்று பொருள், மறுபடி சூடாக்க வேண்டும். இதை ஆசிரியர்தான் செய்ய வேண்டும், மாணவர் கையில் கொடுக்காதீர்கள்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் காந்தம் கொஞ்சம் இழுக்கலாம். அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: 118 தனிமங்களின் குறியீடுகளையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?
(எட்டாம் வகுப்பு மாணவி, காரைக்குடி)

பதில்: வேண்டாம். முதல் 20, அவற்றோடு இரும்பு, செம்பு, துத்தநாகம், வெள்ளி, வெள்ளீயம், தங்கம், பாதரசம், காரீயம், அயோடின். சோடியத்துக்கு 'நேட்ரியம்', இரும்புக்கு 'ஃபெர்ரம்' என்று லத்தீன் பெயரையும் சேர்த்துப் படித்தால் குறியீடு தானே நினைவுக்கு வரும். இரண்டெழுத்துக் குறியீட்டில் இரண்டாவது எழுத்து எப்போதும் சிறியது: சி பெரிதாகவும் ஓ சிறிதாகவும் எழுதினால் கோபால்ட் என்ற உலோகம், ஓவையும் பெரிதாக எழுதினால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு.