வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மக்களவை

கேள்வி: டெல்லியில் வேலை பார்க்கும் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது, எம்.பி. கையெழுத்தில் பாஸ் வாங்கி மக்களவைப் பார்வையாளர் மாடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். வெள்ளிக்கிழமை மாலை நாலு மணி. 543 பேர் இருக்க வேண்டிய இடத்தில் அறுபது பேர்கூடத் தேறாது. ஒருவர் பேசுகிறார், பக்கத்தில் இருப்பவர் செல்போன் பார்க்கிறார். இதற்கா இத்தனை சோதனையைத் தாண்டி வந்தோம் என்று ஆகிவிட்டது. வீட்டில் டி.வி.யிலேயே பார்த்திருக்கலாம். இந்த மாடமும் பாஸும் எதற்கு?
– தக்காளி வியாபாரி ஒருவர், பாலக்கோடு

பதில்: டி.வி.யில் பார்த்திருந்தால் உங்களுக்கு இந்தக் கோபமே வந்திருக்காது. அதில் பேசுகிறவர் முகமும் சபாநாயகர் முகமும்தான் பெரும்பாலும் தெரியும். அவருக்கு எதிரே எத்தனை நாற்காலி காலி, யார் காது கொடுத்துக் கேட்கிறார், யார் பாதியில் எழுந்து போகிறார் என்பதெல்லாம் மாடத்தில் உட்கார்ந்தவர் கண்ணுக்குத்தான் முழுசாகப் படும். மாடம் எதற்கு என்று கேட்டீர்கள். இதற்குத்தான்.

நீங்கள் எண்ணிய தலைகளைப் பற்றி ஒன்றிரண்டு விஷயம். புதுக் கட்டடத்தில் மக்களவைக்கு 888 இருக்கைகள். 543 பேரும் வந்தாலே முந்நூற்றுச் சொச்சம் காலியாகத்தான் இருக்கும். அவையை நடத்த அரசியலமைப்புச் சட்டம் கேட்பது பத்தில் ஒரு பங்கு, அதாவது 55 பேர். நீங்கள் பார்த்த அறுபது சட்டத்துக்குப் போதும். ஓட்டுப் போட்ட நமக்குப் போதாது. வராதவர்கள் நிலைக்குழு, அதாவது ஒவ்வொரு துறையையும் ஆராயும் எம்.பி.க்கள் குழு, வேலையில் இருப்பார்கள் என்ற சமாதானம் மற்ற நாட்களில் ஓரளவு உண்மை. துறைவாரியாக 24 குழுக்கள், ஒவ்வொன்றிலும் 31 பேர், அங்கே நடப்பதை எந்த மாடத்திலிருந்தும் பார்க்க முடியாது. வெள்ளிக்கிழமை மாலைக்கு அந்தச் சமாதானத்தை நான் ஏற்க மாட்டேன்.

ஏனென்றால் நீங்கள் போய் உட்கார்ந்த நேரம் சாதாரண நேரம் இல்லை. வெள்ளிக்கிழமை கடைசி இரண்டரை மணி நேரம் தனிநபர் மசோதாக்களுக்கும் தீர்மானங்களுக்கும் ஒதுக்கப்பட்டது. அமைச்சராக இல்லாத ஓர் உறுப்பினர், கட்சி எதுவானாலும், ‘இப்படி ஒரு சட்டம் வேண்டும்’ என்று தானே எழுதிக் கொண்டுவரலாம். வாரம் முழுக்க அரசு வைத்த பொருளைப் பேசும் அவை, அந்த ஒரு வேளைதான் உறுப்பினர் வைத்ததைப் பேசுகிறது. 1952 முதல் இன்றுவரை இரண்டு அவைகளிலும் நிறைவேறிச் சட்டமான தனிநபர் மசோதாக்கள் 14 மட்டுமே. கடைசியாக ஒன்று சட்டமானது 1970-இல். அப்புறம் ஒன்றுகூட இல்லை.

அதற்காக அந்த நேரத்தால் பயனில்லை என்று நினைத்துவிடாதீர்கள். 2015 ஏப்ரல் 24, அதுவும் வெள்ளிக்கிழமைதான். திருநங்கையர், திருநம்பியர் உரிமைக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதாவை மாநிலங்களவை குரல் வாக்கெடுப்பில் ஏற்றது. மக்களவையில் அது நிறைவேறவில்லை. ஆனால் இந்தப் பொருளில் சட்டமே வேண்டாம் என்று யாரும் அதற்குப் பிறகு சொல்ல முடியவில்லை. 2019-இல் அரசே தனியாக ஒரு சட்டம் கொண்டுவந்தது. அது எப்படிப்பட்ட சட்டம் என்பதில் எனக்குக் குறைகள் உண்டு, அதை இன்னொரு நாள் பேசுவோம். நீங்கள் பார்த்த அந்தக் காலி நாற்காலிகள் என்னையும் சுடுவதற்குக் காரணம் இதுதான்.

சரி, அவர்கள் எங்கே போனார்கள்? பலர் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். இந்த இடத்தில் நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தத்துக்கு எம்.பி. வந்து நிற்கவில்லை என்றால் வருஷக்கணக்கில் மனதில் வைத்துக்கொள்கிறோம். காதுகுத்து, கோயில் கும்பாபிஷேகம், துக்கவீடு எல்லாவற்றுக்கும் அவர் வர வேண்டும். பஞ்சாயத்துத் தலைவரிடம் கேட்க வேண்டிய தெருவிளக்கையும் அவரிடமே கேட்கிறோம். வெள்ளிக்கிழமை மாலை அவையில் இருந்தீர்களா என்று பாலக்கோட்டிலோ பர்கூரிலோ ஓட்டுக் கேட்டு வந்தவரை யாராவது மறித்துக் கேட்டு நான் பார்த்ததில்லை. அவை கூடுவதே குறைந்துவிட்டது என்பதையும் நாம் கேட்கவில்லை. முதல் மக்களவை ஐந்து ஆண்டில் 677 நாள் கூடியது. 2019 முதல் 2024 வரை இருந்த பதினேழாவது மக்களவை கூடியது 274 நாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவை விதிப் புத்தகத்தில் மாடத்தில் உட்காரும் குடிமக்களுக்குப் பெயர் ‘அந்நியர்கள்’. சபாநாயகர் எப்போது வேண்டுமானாலும் வெளியேறச் சொல்லலாம். கை தட்டக்கூடாது, குரல் கொடுக்கக்கூடாது. 2023 டிசம்பர் 13-ஆம் தேதி இரண்டு பேர் மாடத்திலிருந்து அவைக்குள் குதித்துப் புகைக் குப்பி வீசினார்கள். அதோடு பாஸ் கொடுப்பதையே சில காலம் நிறுத்தினார்கள். பாதுகாப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மாடத்தை மூடினால் நல்லது என்று நினைக்கிறவர்களுக்கு, ‘டி.வி. போதும்’ என்று ஒரு வாக்காளரே சொல்வதைவிட வசதியான பேச்சு வேறு கிடையாது. தயவுசெய்து அதை நீங்கள் சொல்லாதீர்கள்.

அதற்குப் பதிலாக ஒன்று செய்யுங்கள். உங்களை நேரில் தெரியும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் எம்.பி. பாஸ் வாங்கித் தர முடியும். அதனால் அவரிடம் மறுபடி போகும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. கேள்வி நேரத்தில் கேட்க வேண்டியதைப் பதினைந்து நாள் முன்னதாக அவர் எழுதிக் கொடுக்க வேண்டும், ஆகையால் அடுத்த கூட்டத்தொடருக்குத் தேதி அறிவித்ததும் போங்கள். நட்சத்திரக் குறியிட்ட கேள்வி என்றால் அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு 20 மட்டும், குலுக்கலில் விழ வேண்டும். விழாவிட்டால் எழுத்தில் பதில் வரலாம், வந்தால் அதுவும் பதிவில் ஏறும்.

என்ன கேட்பது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பறிப்புக்கூலி கட்டாமல் தக்காளியைச் செடியிலேயே விட்ட வருஷங்களைப் பார்த்தவர் நீங்கள். தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்கு விலைச் சரிவைத் தடுக்க 2018 பட்ஜெட்டில் 500 கோடி ரூபாயோடு ‘ஆபரேஷன் கிரீன்ஸ்’ என்று ஒரு திட்டம் அறிவித்தார்கள். அதில் தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் எவ்வளவு வந்தது, எந்த ஊரில் என்ன கட்டினார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். பதில் எப்படி வந்தாலும் ஒரு நகல் எங்களுக்கு அனுப்புங்கள், இதே பக்கத்தில் வரி விடாமல் போடுகிறோம். கேட்க மறுத்தால் அதையும் எழுதுங்கள்.