பள்ளியில் பாலியல் கல்வி: சட்டம் எதைக் கட்டாயமாக்குகிறது? – கேள்வி பதில்

இராமநாதபுரம் கடலோரப் பள்ளிகளின் பெற்றோரும் ஆசிரியர்களும் எழுப்பிய கேள்விகள். பதில் சொல்பவர், குழந்தைகள் உரிமைச் சட்டத்தில் தொழில் செய்யும் வழக்கறிஞர்.

பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி, பாம்பன்: அக்கா, பாலியல் கல்வி நடத்தியே ஆகணும்னு சட்டம் இருக்கா, இல்லையா? தலைமையாசிரியர்கிட்ட கேட்டா "மேலேருந்து சுற்றறிக்கை வரட்டும்"ங்கிறார்.

அந்தப் பெயரில் தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. அதனால் கடமையே இல்லை என்று ஆகிவிடாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்துக்கு 2020-இல் புதிய விதிகள் வந்தன. அதில் 3-ஆம் விதியைத் தலைமையாசிரியர் மேசையில் வையுங்கள். குழந்தைகளுக்கு வயதுக்கேற்ற பாடத்தை அரசு தயாரிக்க வேண்டும் என்கிறது அது. உடல் பாதுகாப்பு, இணையத்தில் பாதுகாப்பு, மனநலம், பாலியல் குற்றத்திலிருந்து தற்காப்பு, குழந்தைகள் உதவி எண் 1098 உள்ளிட்ட புகார் வழிகள், ஆண் பெண் சமத்துவம் எல்லாம் அதில் அடங்க வேண்டும். அதே விதி பள்ளி ஊழியர் அனைவருக்கும், ஆசிரியர் அல்லாதவர்களுக்கும் சேர்த்து, காவல்துறைச் சரிபார்ப்பை அவ்வப்போது நடத்தச் சொல்கிறது. குழந்தைப் பாதுகாப்புக் கொள்கை ஒன்றை ஒவ்வொரு நிறுவனமும் ஏற்க வேண்டும் என்றும் சொல்கிறது.

இதோடு மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் பள்ளி நலத் திட்டமும் உண்டு. பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள், ஓர் ஆண், ஒரு பெண், 11 தலைப்புகள், வாரம் ஒரு மணி நேரம். ஆனால் அது திட்டம். நிதி நின்றால் வகுப்பும் நின்றுவிடும். விதி அப்படி நிற்காது, அதைக் காட்டி நீதிமன்றம் போகலாம். குறை எங்கே என்றால், எந்த வகுப்பில், எத்தனை மணி நேரம், யார் நடத்துவது என்று போக்சோ விதி சொல்வதில்லை. அந்த இடத்தை எழுத்தில் நிரப்பத்தான் நாம் பாடுபட வேண்டும்.

ஓய்வு பெற்ற ஆசிரியர், தொண்டி: உச்ச நீதிமன்றமே கட்டாயமாக்கிவிட்டதாக வாட்ஸாப்பில் வருகிறதே?

இல்லை ஐயா. 2024 செப்டம்பர் 23 தீர்ப்பைச் சொல்கிறார்கள். குழந்தைகளை ஆபாசமாகக் காட்டும் படங்களைக் கைப்பேசியில் வைத்திருந்த வழக்கு அது, தமிழ்நாட்டிலிருந்து போனது. சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்திருந்தது. உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கியது. தீர்ப்பின் கடைசிப் பகுதியில் முழுமையான பாலியல் கல்வித் திட்டம் வேண்டும் என்று மத்திய அரசுக்கு யோசனை சொன்னது. யோசனை வேறு, உத்தரவு வேறு. ஆனாலும் மனு எழுதும்போது அதைச் சேருங்கள், எடை உண்டு. 2005-இல் கொண்டுவந்த வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை 2007-இல் பல மாநிலங்கள் நிறுத்தியபோது கையில் சட்டப்பிடி எதுவும் இல்லை. இப்போது 3-ஆம் விதி இருக்கிறது.

ஒரு தந்தை, கீழக்கரை: எங்கள் பிள்ளைகள் படிப்பது சிறுபான்மையினர் நடத்தும் உதவி பெறும் பள்ளி. மார்க்கத்துக்கு ஒத்துவராததைச் சொன்னால் வகுப்பிலிருந்து பிள்ளையை விலக்கிக்கொள்ள உரிமை உண்டா?

கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. போக்சோவுக்கு அந்த விலக்கு கிடையாது. பிள்ளைகள் வந்து போகும் இடம் எதுவானாலும், விளையாட்டுப் பயிற்சிக்கூடம் உட்பட, 3-ஆம் விதி பொருந்தும்.

விலக்கிக்கொள்ளும் உரிமை பற்றி நம் சட்டம் எதுவும் பேசவில்லை. இங்கிலாந்தில் 2020 முதல் இது கட்டாயப் பாடம். அங்கே பாலியல் பகுதியிலிருந்து மட்டும் பெற்றோர் விலக்குக் கேட்கலாம். உறவுகள் குறித்த பகுதியிலிருந்து முடியாது. 16 வயதாக மூன்று பள்ளிப் பருவங்கள் இருக்கும்போது பிள்ளையே விரும்பினால் வகுப்புக்கு வரலாம். நமக்கும் அப்படி ஒரு கோடு வேண்டும் என்பது என் கருத்து. உடல் பாதுகாப்பு, புகார் வழி, மாதவிடாய் மூன்றிலும் யாருக்கும் விலக்கு கூடாது. வீட்டிலேயே ஆபத்து உள்ள பிள்ளையை விலக்கச் சொல்லி முதலில் கையெழுத்துப் போடுபவர் அந்த ஆபத்தானவராகவே இருக்கலாம்.

பெற்றோருக்குப் பாடத்தை முன்கூட்டியே காட்டுவது வேறு விஷயம், அதைக் கட்டாயம் செய்ய வேண்டும். ஜமாஅத் பெரியவர்களையும் அழைத்து, பயன்படுத்தப்போகும் படங்களை விரித்துக் காட்டுங்கள். எதிர்ப்பில் பெரும்பங்கு பார்க்காமல் பயப்படுவதால் வருவது. கூட்டத்துக்கு நாளும் பார்க்க வேண்டும். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும். மறுநாள் காலைதான் கரை சேரும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின், மாலையில் வைத்தால் அப்பாக்கள் வருவார்கள். தடைக்காலம் ஜூன் 14 வரை நீடிப்பதால், பள்ளி திறந்த முதல் நாள்கள் இன்னும் வசதி. பாசி எடுக்கப் போகும் அம்மாக்களுக்குக் கடல் வத்தும் நேரம் பார்த்து வேலை மாறும். அவர்களைக் கேட்டுத் தேதி வையுங்கள்.

நடுநிலைப்பள்ளி ஆசிரியை, மண்டபம்: எந்த வகுப்பில் எதைச் சொல்வது? அளவுகோல் உண்டா மேடம்?

யுனெஸ்கோ 2018-இல் திருத்திய வழிகாட்டி 5–8, 9–12, 12–15, 15–18 என வயதைப் பிரிக்கிறது. நம் வகுப்புகளோடு பொருத்தினால் இப்படி வரும்.

1, 2-ஆம் வகுப்பில் உடல் உறுப்புகளின் பெயர்கள், மறைவிடங்களும் சேர்த்து. பிள்ளை பெயர் சொல்லத் தெரியாமல் "அங்க" என்று மட்டும் சொன்னால், பிறகு வாக்குமூலத்தில் எதிர்த்தரப்பு அதைத்தான் பிடித்துக்கொள்ளும். பாதுகாப்பான தொடுதல், பாதுகாப்பற்ற தொடுதல், யாரிடம் சொல்வது. மூன்று பெரியவர்களைப் பிள்ளையே சொல்லட்டும், ஒருவராவது வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். அப்பா கடலில், அம்மா கருவாட்டுக் களத்தில் என்றால் பகலில் கையெட்டும் ஆள் யார் என்று யோசிக்க வேண்டும்.

மாதவிடாயை 5-ஆம் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள், பையன்களுக்கும் சேர்த்து. 8-ஆம் வகுப்பு அறிவியலில் "வளரிளம் பருவமடைதல்" பாடம் வருவதற்குள் பாதிப் பேர் வயதுக்கு வந்திருப்பார்கள். பயந்து கற்றது பாடமாகாது. 6 முதல் 8 வரை உடல் மாற்றம், தூக்கத்தில் விந்து வெளியேறுவது இயல்பு என்பது, ஈர்ப்பு, கைப்பேசியில் படம் கேட்டு மிரட்டுவது. 9, 10-இல் கருத்தரிப்பு, கருத்தடை, எச்.ஐ.வி., சம்மதம், திருமண வயது பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்பது. 18 வயதுக்குக் கீழ் உள்ளவரின் சம்மதத்தைப் போக்சோ ஏற்பதில்லை என்பதைப் பத்தாம் வகுப்பு முடிவதற்குள் பையன்களிடம் நேராகச் சொல்லிவிட வேண்டும். 17 வயதுப் பையனும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிற்க நேரும்.

அதிகம் பேர் கவனிக்காத ஓர் ஓட்டை இருக்கிறது. மேல்நிலையில் "இனப்பெருக்க நலன்" பாடம் உயிரியல் எடுத்தவர்களுக்கு மட்டும். வணிகவியல், தொழிற்பிரிவுப் பிள்ளைகள் அதைப் பார்ப்பதே இல்லை. எனவே பள்ளிகளுக்கு நாம் கேட்கும் தரநிலையில் "பாடப்பிரிவு வேறுபாடின்றி" என்ற சொல் இருக்க வேண்டும்.

நடத்தும் விதத்திலும் சில தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. மைதானத்தில் மைக் வைத்து ஒரே நாளில் எல்லா வகுப்புக்கும் பேசுவது; பெண் பிள்ளைகளை மட்டும் தனியே அழைத்துப் போவது, வெளியே நிற்கும் பையன்கள் அதைக் கேலியாக்குவது; பாடத்தைத் தாண்டிக் கேள்வி வந்தால் திட்டுவது. கேள்விப்பெட்டி வையுங்கள். கேள்வி இல்லாதவரும் "கேள்வி இல்லை" என்று எழுதி எல்லாரும் தாள் போட வேண்டும், அப்போதுதான் யார் கேட்டார் என்று தெரியாது. எல்லாத் தாளும் ஒரே அளவு. பதிலை அடுத்த வாரம் சொன்னால் தயார் செய்ய நேரம் கிடைக்கும்.

ஆசிரியை, தங்கச்சிமடம்: வகுப்பு முடிஞ்சதும் ஒரு பிள்ளை தனியா வந்து ஏதாவது சொன்னா என்ன செய்யணும்? எனக்கு அதுதான் பயம்.

டீச்சர், இந்தக் கேள்விக்குப் பதில் தயாராக இல்லாத பள்ளி முதல் வகுப்பையே தொடங்கக் கூடாது. பாடம் பிள்ளையின் வாயைத் திறக்கும். திறந்த பிறகு நாம் தடுமாறினால் அந்தப் பிள்ளை அடுத்து யாரிடமும் சொல்லாது.

மற்றவர் பார்க்க முடிகிற, ஆனால் கேட்க முடியாத இடத்தில் உட்காருங்கள். என்ன நடந்தது, யார், எப்போது – இவ்வளவு போதும். "ஏன் முன்னாடியே சொல்லல" என்று கேட்க வேண்டாம். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியமும் செய்ய வேண்டாம், உங்களால் காப்பாற்ற முடியாது. பிள்ளை சொன்ன சொற்களிலேயே எழுதி, தேதியும் நேரமும் போடுங்கள். திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். தலைமையாசிரியர் ஒருமுறை, தாளாளர் ஒருமுறை என்று கேட்கக் கேட்கச் சொற்கள் மாறும், வழக்கு அங்கேதான் உடையும்.

உடனே அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கோ 1098-க்கோ தெரிவியுங்கள். போக்சோ 19-ஆம் பிரிவின்படி, தெரிந்தால் மட்டுமல்ல, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலே சொல்ல வேண்டும். உண்மையா என்று விசாரிப்பது உங்கள் வேலை இல்லை. சொல்லாமல் விட்டால் 21-ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். தனக்குக் கீழ் வேலை செய்பவர் மீதான புகாரை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை. நல்லெண்ணத்தில் தகவல் தருபவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு.

சம்பவம் நடந்து 72 மணி நேரத்துக்குள் என்றால் மருத்துவமனைதான் அவசரம்: கர்ப்பத் தடுப்பும் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தும் அந்த நேரத்துக்குள் தொடங்க வேண்டும். முதல் தகவல் அறிக்கை இருந்தால்தான் பார்ப்போம் என்று மருத்துவர் சொல்லக் கூடாது. போக்சோ விதி 6 அதைத் தடுக்கிறது. அன்று போட்டிருந்த துணியைத் துவைக்காமல் காகித உறையில் வையுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும்.

போலீஸ் பிள்ளையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, சீருடை இல்லாமல் வந்து வாக்குமூலம் வாங்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும். பேருந்துச் செலவுக்குக்கூட வழியில்லாத குடும்பம் என்றால் விதி 8-இன் கீழ் உடனடி உதவியைக் குழந்தைகள் நலக் குழுவிடம் கேளுங்கள். அது பரிந்துரைத்தால் ஒரு வாரத்தில் பணம் வர வேண்டும்.

மீனவர் சங்க நிர்வாகி, இராமேஸ்வரம்: ஊர்க் கூட்டத்தில் பேசி முடித்தால் பிள்ளை பெயர் கெடாமல் இருக்குமே?

கூடாது அண்ணே. ஊரில் பேசினால் பெயர் நாற்பது பேருக்குத் தெரியும். வழக்கில் பெயரை வெளியிடுவது குற்றம். பேசி முடிப்பவர்களும் 21-ஆம் பிரிவுக்குள் வருவார்கள்.

ஒரு தாய், ஏர்வாடி: என் மகனுக்கு அறிவு வளர்ச்சிக் குறைவு. அவனுக்கு இதெல்லாம் எதுக்குன்னு பள்ளியில கேக்குறாங்க.

அவனுக்குத்தான் முதலில் வேண்டும் அம்மா. போக்சோ ஆண் பிள்ளைகளுக்கும் பொருந்தும். படம், பொம்மை வைத்து, ஒரு நாளைக்கு ஒரே ஒரு விஷயம் என்று, திரும்பத் திரும்பச் சொல்லித் தரச் சிறப்பாசிரியரைக் கேளுங்கள். குளிப்பாட்டும்போது, கழிப்பறைக்கு அழைத்துப் போகும்போது யார் தொடலாம் என்பதை அவனுக்குத் தெளிவாக்குவது முக்கியம். வாக்குமூலம் வாங்கும்போதும் சிறப்பாசிரியர் உதவியைப் பெறச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

இளைஞர் மன்ற உறுப்பினர், மூக்கையூர்: கிராம சபையில் தீர்மானம் போடலாமா? வாசகம் தாருங்கள்.

போடலாம் தம்பி. பள்ளி மேலாண்மைக் குழுவிலும் அதே தீர்மானத்தைப் போட்டால் இன்னும் வலு. அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். "வலியுறுத்துகிறோம்" என்று மட்டும் எழுதினால் கோப்பில் தூங்கும். யார், எதை, எந்தத் தேதிக்குள் என்று எழுதுங்கள்:

"போக்சோ விதிகள் 2020, விதி 3-இன்படி எங்கள் ஊராட்சிப் பள்ளிகளில் 1 முதல் 12 வரை, பாடப்பிரிவு வேறுபாடின்றி, வாரம் ஒரு பாடவேளை உடல் பாதுகாப்பு மற்றும் வளரிளம் பருவக் கல்வி நடத்த வேண்டும். பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியரும் ஓர் ஆசிரியையும் பொறுப்பேற்க வேண்டும். பாடப்பொருளை ஜூன் மாதத்தில் பெற்றோருக்குக் காட்ட வேண்டும். ஊழியர் அனைவரின் காவல்துறைச் சரிபார்ப்பு முடிந்த தேதியை மேலாண்மைக் குழுவில் வைக்க வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித்துறை உதவி எண் 14417 இரண்டையும் வகுப்பறைச் சுவரிலும் கழிப்பறைக் கதவின் உட்புறமும் எழுத வேண்டும். முதல் வகுப்புக்கு முன் புகார் வந்தால் செய்ய வேண்டியவற்றில் ஆசிரியர் அனைவருக்கும் பயிற்சி தர வேண்டும்."

கழிப்பறைக் கதவு என்று எழுதியது காரணத்தோடுதான். எண்ணை யாரும் பார்க்காமல் படிக்கப் பிள்ளைக்கு அந்த ஓர் இடம்தான் உண்டு. தீர்மானப் பதிவேட்டில் ஏறியதும் நகல் வாங்கிவிடுங்கள்.

ஒரு பெற்றோர், திருப்பாலைக்குடி: தீர்மானம் போட்டும் அசையலன்னா?

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் முதன்மைக் கல்வி அலுவலர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனுப் போடுங்கள். மூன்று கேள்வி போதும்: எங்கள் பள்ளியில் இந்தக் கல்வியாண்டு நடந்த வகுப்புகளின் தேதிகள், பயிற்சி பெற்ற ஆசிரியர்களின் எண்ணிக்கை, காவல்துறைச் சரிபார்ப்பு முடிந்த ஊழியர்களின் எண்ணிக்கை. ஆசிரியர் பெயர்களைக் கேட்டால் தனிப்பட்ட தகவல் என்று மறுப்பார்கள், எண்ணிக்கையை மறுக்க முடியாது. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. கிடைத்த பதிலோடு மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு எழுதுங்கள். போக்சோ செயல்பாட்டைக் கண்காணிப்பது 44-ஆம் பிரிவின்படி அதன் கடமை. அதற்குப் பிறகும் அசையாவிட்டால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் அரசியலமைப்பின் 226-ஆம் உறுப்பின் கீழ் ரிட் மனு. முன்னதாக மனுக் கொடுத்த அத்தாட்சி இல்லாமல் போனால் முதல் நாளே திருப்பி அனுப்புவார்கள். எனவே ஒவ்வொரு கடிதத்தையும் விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரமாக வையுங்கள்.