சனிக்கிழமை கொலம்பஸ்: கல்லூரி ஃபுட்பால் சீசன் பற்றி நீங்கள் கேட்டவை

ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில், ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்., பிஎச்.டி. இரண்டும் சேர்த்து ஏழு ஆண்டு படித்தேன். 2018 முதல் 2024 வரை ஏழு ஃபுட்பால் சீசன் பார்த்தாயிற்று. அதில் 2020இல் மட்டும் கொரோனாவால் ஸ்டேடியம் வெறிச்சென்று கிடந்தது. இந்த ஆகஸ்டில் அங்கே போகிற பிள்ளைகளும் அவர்களுடைய வீட்டாரும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஃபுட்பால் என்றால் இங்கே அமெரிக்க ஃபுட்பால்தான். நம் ஊர்க் கால்பந்துக்கு அங்கே சாக்கர் என்று பெயர்.

கேள்வி (கோவை, எம்.எஸ். சேரப்போகிறவர்): அக்கா, எனக்கு இந்த ஆட்டத்தில் ஆனா ஆவன்னா கூடத் தெரியாது. ஒன்றும் புரியாமல் மூன்று மணி நேரம் எப்படி உட்கார்ந்திருப்பது?

பதில்: உட்காரவே வேண்டியிருக்காது. மாணவர் பகுதியில் ஆட்டம் முழுக்க நின்றுதான் பார்ப்பார்கள். ஆட்டமும் மூன்று மணி நேரத்தில் முடியாது, மூன்றரை ஆகும். நல்ல ஷூ போட்டுக்கொண்டு போ.

ஆட்டம் இதுதான். பக்கத்துக்குப் பதினோரு பேர். மைதானம் 100 கெஜம் நீளம். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு, ஒவ்வொன்றுக்கும் பெயர் 'டவுன்'. நான்குக்குள் பத்து கெஜம் முன்னேறிவிட்டால் மறுபடி புதிதாக நான்கு. முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போகும். சடுகுடு பார்த்தவர்களுக்கு இது சீக்கிரம் பிடிபடும். ஒவ்வொரு டவுனும் ஒரு ரெய்டு மாதிரி: சில விநாடி முட்டி மோதுவார்கள், அப்புறம் எழுந்து மறுபடி வரிசையில் நிற்பார்கள். பந்தோடு எதிரணி பக்கத்துக் கடைசி எல்லைக்குள் போனால் டச்டவுன், 6 புள்ளி. அதன்பின் ஒரு உதை, பந்து கோல் கம்பங்களுக்கு நடுவே போனால் இன்னும் 1. உதைக்காமல் மறுபடி உள்ளே புகுந்தால் 2. தூரத்திலிருந்து உதைத்துக் கம்பத்துக்குள் அனுப்புவது ஃபீல்டு கோல், அதற்கு 3. முதல் நாளைக்கு இது போதும்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது பக்கத்தில் நின்ற ஒரு பெண். சோளக்காட்டுக்கு நடுவே ஏதோ ஒரு கிராமத்திலிருந்து வந்தவள். கையில் இருந்த தட்டில் நாலு சிப்ஸை வரிசையாக வைத்து, ஒவ்வொரு டவுன் முடிந்ததும் ஒன்றை எடுத்துத் தின்றாள். மூன்றாவது சிப்ஸ் போனதும் என் தோளைப் பிடித்து, "இப்போ கத்து!" என்றாள். நம் அணி தடுக்கும்போது தொண்டை கிழியக் கத்த வேண்டும், எதிரணி குவார்ட்டர்பேக் (ஆட்டத்தை நடத்துகிறவன்) சொல்வது அவன் ஆட்களுக்குக் கேட்கக் கூடாது. நம் அணியிடம் பந்து இருக்கும்போது அமைதியாக இருக்க வேண்டும். நாம் கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்கள், நம் ஆள் ஆடும்போதுதான் கத்துவோம். இதை மட்டும் மாற்றிக்கொள்.

கேள்வி (சென்னை, பொறியியல் மாணவி): ஆட்டத்தைவிட பேண்டு வாத்தியக் குழுவைப் பார்க்கத்தான் போக வேண்டும் என்று சீனியர் ஒருவர் சொன்னார். உண்மையா?

பதில்: உன் சீனியருக்கு நல்ல ரசனை. ஒஹாயோ ஸ்டேட் பேண்டில் புல்லாங்குழல், கிளாரினெட் வகையே கிடையாது, முழுக்கப் பித்தளை வாத்தியமும் தாளமும்தான். அந்தச் சத்தம் நம் ஊர்த் திருவிழாவில் தவிலுக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி நெஞ்சுக்கூட்டில் வந்து அடிக்கும்.

'ஸ்கிரிப்ட் ஒஹாயோ' என்று ஒன்று செய்வார்கள். பேண்டு முழுவதும் ஒரே வரிசையாக, ஒருவர் பின் ஒருவராக வளைந்து வளைந்து நடந்து, 'ஒஹாயோ' என்று ஆங்கிலத்தில் கூட்டெழுத்தில் எழுதும். எழுதுகோல் எடுக்காமல் எழுதுவது போல. 1936 அக்டோபரில் தொடங்கியது. எழுதி முடித்ததும் 'ஐ' எழுத்துக்கு மேலே புள்ளி வேண்டுமே. அதற்காக ஸூசஃபோன் வாசிக்கும் ஒருவர் (உடம்பைச் சுற்றிக்கொள்ளும் பெரிய பித்தளைக் குழல் அது) வரிசையிலிருந்து பிரிந்து, காலை உயர உயரத் தூக்கி நடந்து வந்து அந்த இடத்தில் நிற்பார். தொப்பியைக் கழற்றி இடுப்பு வளையக் குனிந்து இரண்டு பக்கமும் வணக்கம் சொல்வார். ஸ்டேடியமே எழுந்து ஆர்ப்பரிக்கும். முதன்முதலில் புள்ளியாக நின்றது ஒரு டிரம்பெட்காரர், அப்புறம்தான் ஸூசஃபோனுக்கு வந்தது. சில ஆண்டு பேண்டில் உழைத்த மூத்த மாணவருக்கே அந்த வாய்ப்பு. விண்வெளி வீரர் ஜான் கிளெனுக்கு ஒருமுறை மரியாதைக்காக அந்த இடத்தைக் கொடுத்திருக்கிறார்கள். அது எவ்வளவு பெரிய கௌரவம் என்று பார்த்துக்கொள்.

ஒரே ஒரு விஷயம்: பாதியில் சாப்பிட வெளியே போகாதே. இடைவேளை இருபது நிமிஷம், பேண்டின் நிகழ்ச்சி அப்போதுதான்.

கேள்வி (விருதுநகர்): அக்கா, வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கிப் போகிறேன். டிக்கெட்டுக்குச் செலவு செய்ய மனசு வரவில்லை. என்னைப் போன்றவர்களுக்கு இதில் ஏதாவது இருக்கிறதா?

பதில்: இருக்கிறது தம்பி. உன் கேள்விக்குத்தான் நிதானமாகப் பதில் சொல்ல நினைத்தேன்.

அந்த ஸ்டேடியம் 1922இல் திறந்தது. லாட வடிவம் (ஆங்கிலத்தில் 'ஹார்ஸ்ஷூ'), அதனால் செல்லப் பெயர் 'ஷூ'. இன்று 1,02,780 பேர் அமரலாம். ஆனால் 1930களில் பொருளாதாரம் படுத்துக் கிடந்தபோது, படிக்க வந்துவிட்டுத் தங்க வழியில்லாத மாணவர்களுக்கு 1933இல் அந்த ஸ்டேடியக் கோபுரத்துக்குள்ளேயே இடம் கொடுத்தார்கள். வாடகை சொற்பம், பெருக்குவது கழுவுவதெல்லாம் அவர்களே செய்துகொள்ள வேண்டும். பிறகு அதுவே விடுதியாக வளர்ந்து, அறுபது ஆண்டுக்கு மேல் பிள்ளைகள் பார்வையாளர் இருக்கைகளுக்குக் கீழே தூங்கி எழுந்து படித்துப் பட்டம் வாங்கிப் போயிருக்கிறார்கள். காசில்லாதவன் அந்தக் கட்டடத்துக்கு அந்நியன் இல்லை. இதை நீ முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு ஆசை.

காசில்லாமல் பார்க்க எவ்வளவோ உண்டு. ஆட்டத்துக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்பு, எதிரே இருக்கும் செயின்ட் ஜான் அரங்கில் பேண்டு முழுசாக வாசிக்கும். அதற்கு 'ஸ்கல் செஷன்' என்று பெயர். நான் இருந்த காலத்தில் கட்டணம் கிடையாது, வீரர்களும் அந்த வழியாகத்தான் ஸ்டேடியத்துக்கு நடந்து போவார்கள். அது முடிந்ததும் ஒலன்டாங்கி ஆற்றங்கரைப் பக்கம் நட. டச்டவுன் விழும்போது எழும் சத்தம் ஆற்றைத் தாண்டி வரும். வென்றால் தென்கிழக்குக் கோபுரத்தில் மணி அடிப்பார்கள், அதுவும் கேட்கும். என் முதல் சீசனில் இரண்டு ஆட்டத்தை இப்படித்தான் கேட்டேன், பார்க்கவில்லை.

டிக்கெட் எடுத்தே ஆக வேண்டும் என்றால் சீசன் முழுக்க வேண்டாம். செப்டம்பரில் சின்ன அணிகள் வரும் ஆட்டத்துக்கு மாணவர்களே குறைந்த விலைக்கு விற்பார்கள். ஒன்றே ஒன்று பார்த்துவிட்டு வா. ஆனால் பல்கலைக்கழக டிக்கெட் முறை வழியாக மட்டும் மாற்றிக்கொள். ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறேன் என்பவனிடம் வாங்காதே.

கேள்வி (திருச்சி, ஒரு மாணவியின் தந்தை): வணக்கம்மா. ஆட்டம் நடக்கும் நாளில் ஊரே குடித்துவிட்டு ஆடும் என்று கேள்விப்பட்டேன். மகளைத் தனியாக அனுப்பப் பயமாக இருக்கிறது.

பதில்: வணக்கம் ஐயா. உங்கள் கவலை நியாயமானது, மறைக்காமலே சொல்கிறேன். காலையிலிருந்தே கார் நிறுத்துமிடங்களில் கூடாரம் போட்டு, அடுப்பு வைத்து, இறைச்சி வாட்டி, பீர் குடிப்பார்கள். 'டெயில்கேட்' என்பார்கள். பெரும்பாலும் குடும்பம் குடும்பமாக, தாத்தா பாட்டியோடு வருகிறவர்கள்தான். வெளியூர்ப் பெண் ஒருத்தி தட்டுத்தடுமாறி நின்றால் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவார்கள். நான் அப்படிச் சாப்பிட்டிருக்கிறேன். சைவம் என்று சொன்னபோது வாட்டிய சோளக்கதிரில் வெண்ணெய் தடவிக் கொடுத்தார் ஒரு பாட்டி.

தொந்தரவு வருவது ஆட்டம் முடிந்த பின், இரவில், ஹை ஸ்ட்ரீட் ஓரத்து வீட்டு விருந்துகளில். அங்கே தெரிந்தவர்களோடு போய், அவர்களோடே திரும்ப வேண்டும். அமெரிக்காவில் 21 வயது ஆகாமல் மது தொடுவது குற்றம். மாணவர் விசாவில் இருப்பவர் பெயரில் ஒரு போலீஸ் வழக்கு பதிவானால் பிறகு விசா முத்திரைக்குப் போகும்போது அதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டிவரும். இதை மகளிடம் பயமுறுத்தாமல், விவரமாகச் சொல்லுங்கள். பகல் நேர ஆட்டத்துக்கு அவளைத் தாராளமாகப் போகச் சொல்லுங்கள் ஐயா. அறைக்குள்ளேயே இருந்தால்தான் அந்த ஊர் கடைசிவரை அந்நியமாக இருக்கும்.

கேள்வி (மதுரை): திங்கட்கிழமை மிட்டெர்ம் தேர்வு, சனிக்கிழமை ஆட்டம். எப்படிச் சமாளித்தீர்கள்?

பதில்: ஆட்ட நேரத்தில் தாம்சன் நூலகத்துக்குப் போ. வழக்கமாக இடம் கிடைக்காத 11வது மாடி வாசிப்பறை அன்று காலியாகக் கிடக்கும். அன்றைக்கு நூலக நேரமும் கேம்பஸ் பஸ் வழியும் மாறும், வெள்ளிக்கிழமையே பார்த்து வை. கார் இருந்தால் எந்த இடத்திலிருந்து எடுக்க வேண்டும் என்று மெயில் வரும், படிக்காமல் விடாதே.

கேள்வி (கொலம்பஸ், இந்திய மாணவர் அமைப்பில் இருப்பவர்): தீபாவளி நிகழ்ச்சிக்கு அக்டோபரில் ஒரு சனிக்கிழமை அரங்கம் எடுக்கலாமா?

பதில்: ஃபுட்பால் அட்டவணையை முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உள்ளூரில் ஆட்டம் உள்ள சனிக்கிழமை வேண்டவே வேண்டாம். ஆட்டத் தேதி முன்கூட்டியே தெரிந்துவிடும், ஆனால் பல ஆட்டங்களுக்குத் தொடங்கும் நேரத்தை டி.வி. நிறுவனங்கள் 12 நாளைக்கு முன்புதான் முடிவு செய்கின்றன, சில சமயம் ஆறே நாள். மதியம் 12 மணி ஆட்டம் என்று நினைத்து மாலை நிகழ்ச்சி வைத்தால், அது இரவு ஏழரைக்குப் போயிருக்கும். சமையல் பாத்திரத்தோடு காரை எங்கே நிறுத்துவது? அணி வெளியூர் போகும் வாரமோ ஞாயிற்றுக்கிழமையோதான் சரி.

கேள்வி (ஈரோடு): மிச்சிகன் என்றால் ஏன் இவ்வளவு கோபம்?

பதில்: பக்கத்து மாநிலத்து மிச்சிகன் பல்கலைக்கழக அணியோடு 1897இல் தொடங்கிய போட்டி. அதற்கும் முன்பு, 1835இல் டொலீடோ பகுதி யாருக்கு என்று இரண்டு பக்கமும் ஆயுதத்தோடு எல்லையில் நின்றிருக்கிறார்கள். டொலீடோ ஒஹாயோவுக்கு வந்தது.

நவம்பர் கடைசி வாரம் கேம்பஸில் நடந்து பார். பெயர்ப் பலகைகளில் 'எம்' எழுத்து வரும் இடமெல்லாம் சிவப்பு டேப்பால் குறுக்கே கோடு போட்டு மறைத்திருப்பார்கள். மெக்கானிக்கல் துறைக்காரர்களுக்கு முதல் எழுத்தே போய்விடும்! ஆட்டம் தேங்க்ஸ்கிவிங் முடிந்த சனிக்கிழமை, இரட்டைப்படை ஆண்டில் கொலம்பஸில், மற்ற ஆண்டு மிச்சிகன் அணியின் ஊரான ஆன் ஆர்பரில். உள்ளூர்ப் பிள்ளைகள் பலர் விடுமுறைக்கு வீட்டுக்குப் போயிருப்பார்கள், ஊருக்குப் போக முடியாத நமக்கு அந்த வாரம் டிக்கெட்டைவிடத் துணைதான் பெரிது.

2024 நவம்பர் 30 அன்று நான் உள்ளே இருந்தேன். வெல்வார்கள் என்று எல்லாரும் நம்பிய ஆட்டம், 13-10 என்று சொந்த மண்ணில் தோற்றார்கள். மிச்சிகனிடம் தொடர்ந்து நான்காவது தோல்வி. ஆட்டம் முடிந்ததும் மைதானத்தில் கைகலப்பு வேறு. வெளியே வரும் சரிவுப் பாதையில் ஆயிரக்கணக்கானோர் நடந்தோம், காலடிச் சத்தம் மட்டும்தான். அதே அணி ஏழு வாரம் கழித்து, 2025 ஜனவரி 20 அன்று அட்லாண்டாவில் நாட்ர டேம் பல்கலைக்கழக அணியை 34-23 என்று வென்று தேசிய சாம்பியன் ஆனது. இரண்டையும் பார்த்தவளாகச் சொல்கிறேன், அந்த ஊர்க்காரர்கள் இன்னும் பேசுவது தோல்வியைப் பற்றித்தான்.

கேள்வி (சேலம்): ஆடுகிற மாணவர்களுக்குச் சம்பளம் உண்டா?

பதில்: முன்பு படிப்புச் செலவு மட்டும். 2021 ஜூலையிலிருந்து தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம், 2025 ஜூலையிலிருந்து பல்கலைக்கழகமே நேரடியாகக் கொடுக்கலாம். எனக்கு இதில் முழு சம்மதம். ஒருமுறை ஒரு பையன் மோதி விழுந்து எழவில்லை. ஒரு லட்சம் பேர் மூச்சு விடாமல் நின்றார்கள், இரண்டு அணியும் ஒரு முழங்கால் ஊன்றிக் காத்திருந்தது. தலையில் அடிபடும் ஆட்டம் இது. அவர்கள் உடம்பை வைத்து இத்தனை பேர் சம்பாதிக்கும்போது, அவர்களுக்கும் பங்கு வேண்டும்.

கேள்வி (நெல்லை): ஆட்ட நாளில் ஸ்டேடியத்தில் பகுதிநேர வேலை செய்யலாமா?

பதில்: எஃப்-1 என்கிற மாணவர் விசாவில் பருவம் நடக்கும்போது கேம்பஸுக்குள் வாரம் 20 மணி நேரம்தான். ஸ்டேடியத்துக் கடைகளை வெளி நிறுவனம் நடத்தினால் அது கேம்பஸ் வேலைக் கணக்கில் வராமல் போகலாம். வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு சேருங்கள்.

கேள்வி (தூத்துக்குடி): ஸ்வெட்டரே போட்டதில்லை அக்கா. என்ன உடுத்துவது?

பதில்: செப்டம்பரில் வெயில் கொளுத்தும், சட்டை போதும். நவம்பருக்கு உள்ளே தெர்மல், மேலே கம்பளி, அதற்கும் மேலே காற்றுப் புகாத ஜாக்கெட். குளிர் முதலில் ஏறுவது காலில். கம்பளி சாக்ஸ் போட்டுக்கொண்டு, கீழே ஒரு அட்டைத் துண்டைப் போட்டு அதன்மேல் நில். தரை சில்லிடாது. குடைக்கு அனுமதி இல்லை, மழைக்கோட்டு வாங்கு. முதுகுப்பை வேண்டாம், போனும் அடையாள அட்டையும் சட்டைப்பையில் இருந்தால் போதும். நிறம் சிவப்பு அல்லது சாம்பல். நீலமும் மஞ்சளும் சேர்ந்த சட்டை மிச்சிகனுடையது, அதைப் பெட்டியிலேயே வைத்துவிடு. தெருவில் யாராவது உன்னைப் பார்த்து "ஓ-எச்!" என்று கத்தினால், நின்று பயந்துவிடாதே. "ஐ-ஓ!" என்று திருப்பிக் கத்து, இரண்டும் சேர்ந்தால் ஒஹாயோ, அவ்வளவுதான்.