மகன் மீது பின்தொடர்தல் புகார்: பழத்தட்டோடு பெண் வீட்டுக்குப் போகாதீர்கள்

கேள்வி: என் மகன் பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். முதலாண்டிலிருந்தே தன்னைப் பின்தொடர்ந்து, செய்தி அனுப்பித் தொல்லை கொடுப்பதாக உடன் படிக்கும் பெண் மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறாள். நாளை மறுநாள் வரச் சொல்லிப் போன் வந்தது. 40,000 ரூபாய் கொடுத்தால் எஃப்.ஐ.ஆர். விழாமல் முடித்துத் தருவதாக ஊர்க்காரர் ஒருவர் சொல்கிறார். மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுக்கச் சொல்கிறது கல்லூரி. பெரியவர்களை அழைத்துக்கொண்டு பெண் வீட்டில் பேசிப் பார்க்கலாமா? அவனைச் சிறையில் அடைத்துவிடுவார்களா? சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பி அவனை வேலைக்கு அழைப்பதாகச் சொல்லியிருக்கிறான். பாஸ்போர்ட் கிடைக்குமா?
– ஒரு தாய், புதுவயல்

பதில்: முதலில் அந்த 40,000 ரூபாயை எடுத்த இடத்திலேயே வையுங்கள், அம்மா. இந்த நிலையத்தில் வழக்குப் பதியாவிட்டால் அந்தப் பெண் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடம் போகலாம். அங்கும் நடக்காவிட்டால் நீதித்துறை நடுவரிடம் போகலாம். அத்தனை கதவுகளையும் சாத்தும் சாவி உங்கள் ஊர்க்காரரிடம் கிடையாது. 2018-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, லஞ்சம் கொடுப்பவருக்கும் 7 ஆண்டு வரை சிறை உண்டு. நீதிமன்றத்துக்கு எதிரே டீக்கடையில் தோல்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இத்தகைய ஆட்களை இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். எஃப்.ஐ.ஆர். விழாவிட்டால் ‘நான்தான் முடித்தேன்’ என்பார்கள். விழுந்துவிட்டால் ‘மேலே கூடுதலாகக் கேட்கிறார்கள்’ என்பார்கள். இரண்டிலும் பணம் உங்களுடையது.

கைது பற்றிய பயம் எனக்குப் புரிகிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில், பின்தொடர்தலுக்கான 78-ஆவது பிரிவின்படி, முதல் முறை குற்றம் நிரூபணமானால் 3 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. அது ஜாமீனில் விடக்கூடிய குற்றம். இத்தகைய வழக்கில் எடுத்த எடுப்பில் கைது செய்யாமல், எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து விசாரிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-இலேயே அழுத்திச் சொல்லிவிட்டது. ஆனாலும் போனில் கூப்பிட்டு, காலை பத்து மணிக்கு வந்த பையனை இரவு எட்டு மணி வரை மரப்பெஞ்சில் உட்கார வைக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. ஒரு தாளில் மூன்று வரி எழுதித் தர அப்படி என்ன சிரமம்? நீங்கள் நோட்டீஸைக் கேட்டு வாங்குங்கள். வாங்கிய பிறகு, குறித்த நாளில் வக்கீலோடு தவறாமல் போய் நில்லுங்கள். போகாமல் ஒளிந்தால் கைதுக்கான காரணத்தை நீங்களே கொடுத்ததாகிவிடும். 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பெண்கள் வன்கொடுமைத் தடைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவையும் சேர்த்துப் பதிவது இங்கே வழக்கம். அதைச் சேர்த்துவிட்டால் நிலையத்திலேயே ஜாமீன் என்று நம்பியிருக்க முடியாது. சிவகங்கை அமர்வு நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்ற மதுரைக் கிளையிலோ முன்ஜாமீன் கேட்க வேண்டி வரும். ஆகவே வக்கீலை இன்றே பாருங்கள். கையில் பணமில்லை என்றால் 15100 என்ற இலவச எண்ணில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் கேளுங்கள்.

இனி வழக்குக்கு வருவோம். ஒரு பெண் தனக்கு விருப்பமில்லை என்பதைத் தெளிவாகக் காட்டிய பிறகும், திரும்பத் திரும்பப் பின்தொடர்ந்து தொடர்புகொள்வதும், கொள்ள முயல்வதும் குற்றம். அவளுடைய இணையப் பயன்பாட்டை வேவு பார்ப்பதும் அதே பிரிவில் குற்றம். ஒரே வகுப்பு, ஒரே பஸ் என்பது மட்டும் பின்தொடர்தல் ஆகாது. ஆனால் அவள் எண்ணை முடக்கிய மறுநாள் நண்பனின் போனிலிருந்து ‘ஏன் பேச மாட்டாய்?’ என்று ஒரு வரி அனுப்பியிருந்தால், அந்த ஒரு வரியே வழக்குக்கு வலுவான சாட்சியாகிவிடும். முடக்குவதும் மறுப்புத்தான். மகனைத் தனியே உட்கார வைத்து இதைக் கேளுங்கள், அடிக்காமல் கேளுங்கள். அந்தப் பெண் பொய் சொல்கிறாள் என்று முடிவு கட்டிக்கொண்டு எந்த வக்கீலிடமும் போகாதீர்கள். மூன்று ஆண்டு பொறுத்துப் பார்த்த பிறகு ஒரு பெண் காவல் நிலையப் படியேறுவது லேசான காரியமில்லை. உண்மை முழுதும் தெரிந்தால்தான் வக்கீலால் எதையாவது காப்பாற்ற முடியும்.

பெண் வீட்டில் போய்ப் பேசலாமா என்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பம், என்னிடம் சொல்லாமல், உறவினர் ஆறு பேரோடு பெண் வீட்டுக்குப் போயிற்று. திண்ணையில் பழத்தட்டை வைத்துவிட்டு, ‘உங்கள் பெண் பெயரும் கெட்டுவிடக் கூடாதே’ என்றார் ஒரு பெரியவர். அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார் என்று இன்றும் நம்புகிறேன். அந்த வாக்கியம் மறுநாள் மிரட்டல் புகாராக வந்து நின்றது. பையனோடு அவன் பெரியப்பாவும் குற்றம் சாட்டப்பட்டவரானார். உங்கள் மகன் ‘ஸாரி’ என்று ஒரு செய்தி அனுப்பினாலும் அது புதிய தொடர்பு முயற்சி. அவனுடைய நண்பர்கள் இன்ஸ்டாகிராமில் நியாயம் கேட்கப் புறப்பட்டால் அதையும் அவன் கணக்கில்தான் எழுதுவார்கள். போனில் எதையும் அழிக்கக் கூடாது. அழித்தால் சாட்சியத்தை மறைத்ததாக இன்னொரு பிரிவு சேரும். காவலர்கள் போனைக் கேட்டால் கைப்பற்றியதற்கான ரசீது வாங்காமல் கொடுக்காதீர்கள்.

கல்லூரி கேட்கும் மன்னிப்புக் கடிதம் இவை எல்லாவற்றையும் விட ஆபத்தானது. போலீஸாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. கல்லூரி முதல்வரிடம் கையெழுத்திட்டுக் கொடுத்த கடிதத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 2015-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு விதிகளின்படி, கல்லூரியில் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழு, தன்னிடம் புகார் வந்த 7 நாளில் அதன் நகலைத் தர வேண்டும். பதில் சொல்ல உங்கள் மகனுக்கு 10 நாள் உண்டு. அந்த நகலைக் கேளுங்கள். தன் பெயர் பத்திரிகையில் வந்துவிடக் கூடாதென்று, நகலும் தராமல், குழுவையும் கூட்டாமல், பையனை வெளியே நிறுத்திக் கடிதம் வாங்குவது எந்த ஊர் விசாரணை? இதில் புகார் கொடுத்த பெண்ணுக்கும் நியாயம் கிடைப்பதில்லை.

எல்லோரும் தவறவிடும் ஒரு விஷயம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: ‘முதலாண்டிலிருந்தே’. நம் பிள்ளைகள் பலர் 17 வயதில் கல்லூரியில் சேர்கிறார்கள். இன்று அந்தப் பெண்ணுக்கு 20 வயதாக இருக்கலாம். முதல் செய்தி போன நாளில் அவளுக்கு 18 நிறைந்திருந்ததா? நிறையவில்லை என்றால், அந்த மாதங்களுக்கு மட்டும், 18 வயது நிறையாதவர்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 11, 12-ஆவது பிரிவுகள் வரலாம். பாலியல் நோக்கத்தோடு ஒரு குழந்தையைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்வதும் தொடர்புகொள்வதும் அங்கே குற்றம். வழக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்குப் போய்விடும். ‘அவளும் பேசினாள்’ என்ற பதில் அங்கே உதவாது. அதே நாள்களில் உங்கள் மகனுக்கும் 18 நிறையவில்லை என்றால், அவன் அப்போது செய்தவை இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்தான் வர வேண்டும். பெரியவர்களுக்கான நீதிமன்றத்தில் அல்ல. ஒரே புகாரை, இருவருக்கும் 18 நிறையாத காலம், ஒருவருக்கு மட்டும் நிறைந்த காலம், இருவருக்கும் நிறைந்த காலம் என்று மூன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும். இரு பக்கமும் இதைக் கவனிக்காமல் ஆண்டுக்கணக்கில் வாய்தா வாங்கிய வழக்குகளைப் பார்த்திருக்கிறேன்.

பாஸ்போர்ட்டுக்கு வருகிறேன். வழக்கு நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தால் அந்த நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். விண்ணப்பத்தில் வழக்கை மறைக்காதீர்கள்.

வக்கீலைப் பார்க்கப் போகும்போது மகனின் பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் சேர்ந்த தேதி, முதல் செய்தியின் தேதி, அந்தப் பெண் முதன்முதலாக மறுத்த தேதி ஆகியவற்றை ஒரு தாளில் அவன் கையாலேயே எழுதி எடுத்துவரச் சொல்லுங்கள். அந்தத் தாள் வக்கீலுக்கு மட்டும். வேறு யார் கையிலும் போகக் கூடாது. அந்தப் பெண்ணின் பிறந்த தேதியைத் தேடிக்கொண்டு அவளுடைய தோழிகளிடம் போக வேண்டாம். அது போலீஸ் ஆவணத்தில் இருக்கும், வக்கீல் எடுத்துக்கொள்வார்.